புளியமுத்தில் ஒரு குதிரைப் பந்தயம்

போன தடவை இந்த இடத்தில் விடுகதை எழுதியிருந்தேன். இந்தத் தடவை கொஞ்சம் கணக்கு. ஓடிப் போயிடாதீங்க, பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும்.

ஆடித்தபசுக்கு சென்னையிலிருந்து பெரியம்மா மகன் அண்ணன் வந்திருந்தார். பழைய வீடியோ கேம் என்றால் அவருக்கு உயிர். கம்ப்யூட்டரில் ஒரு ஜப்பான் கேம் போட்டுக் காட்டினார். மாரியோவை உண்டாக்கிய நிண்டெண்டோ கம்பெனி 1983-ல் விட்ட ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’ என்ற பெட்டிக்காகச் செய்த கேம் அது. எழுத்து ஒன்றும் எனக்குப் புரியலை. ‘கேய்பா’ என்றால் குதிரைப் பந்தயமாம். கட்டம் கட்டமாகக் குதிரைகள், ஓட்டம் சட்டென்று முடிஞ்சிடுது. அதுக்கு முன்னாடி வரும் பட்டியல்தான் பெரிசு. குதிரை பெயர், பக்கத்தில் 1.6, 4.0, 8.0 என்று எண்கள். பார்த்துவிட்டு ஒரு குதிரைமேல் பணம் கட்டணும். நிஜப் பணம் இல்லை, ஸ்கோர் மாதிரி. இதே கம்பெனி மாரியோ வருவதற்கு முன்னாலேயே, 1975-ல், வீடியோவில் குதிரை ஓடும் ஒரு பந்தய மிஷின் செய்திருக்கிறது.

“அந்த 1.6 என்னண்ணே?” என்றேன். “100 யென் கட்டி ஜெயிச்சா 160 யென் வரும்” என்றார். யார் அதை முடிவு பண்ணுறது? கட்டுகிற ஜனங்கள்தான். எனக்கு நம்பிக்கை வரலை. அம்மாவிடம் புளியமுத்து வாங்கி, எங்கள் வகுப்புப் பெண்களை வைத்துப் பார்த்துவிட்டேன்.

நாங்கள் 10 பேர். ஆளுக்கு 50 முத்து. செவலை, கருப்பன், மயிலை, புள்ளி என்று நாலு குதிரை. தாயக்கட்டை உருட்டி நகர்த்தினோம். ஒரு ரேஸுக்கு ஆளுக்கு 10 முத்து கட்டணும், மொத்தம் 100. அதில் 20 முத்தை முதலிலேயே பிஸ்கட் டப்பாவில் போட்டுடணும். பந்தயம் நடத்துகிறவர் பங்கு அது. ஜப்பானில் நிஜப் பந்தயத்திலும் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இப்படிப் போயிடும். மிச்சம் 80 முத்து, ஜெயித்த குதிரைமேல் கட்டியவர்களுக்கு.

முதல் ரேஸில் செவலைமேல் 5 பேர் கட்டியிருந்தோம். செவலை ஜெயிச்சது! ஒரே சத்தம். 80-ஐ அஞ்சு பேர் பிரித்தால் 16. அதாவது பத்துக்குப் பதினாறு, அதுதான் அந்த 1.6! புள்ளிமேல் ஒருத்திதான் கட்டினாள். அது ஜெயித்திருந்தால் 80-ம் அவளுக்கு. நல்ல குதிரை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் கிடைப்பது குறைஞ்சிடும். எனக்குத் தெரிந்தது மற்றவர்களுக்கும் தெரிந்தால் என் திறமைக்கு விலையே இல்லை.

அஞ்சு ரேஸ் முடிஞ்சது. என் கையில் 16. கடைசி ரேஸில் புள்ளி ஜெயிச்சு அவளுக்கு 80. எல்லாரும் அவளையே பார்த்தோம். டப்பாவை யாரும் பார்க்கலை. அதில் 100 இருந்தது. டப்பா ஒரு குதிரைமேலும் கட்டலை.

நம்ம ஊர்க் கதையும் இருக்கு. சென்னை கிண்டியில் 1777-லிருந்தே குதிரைப் பந்தயம். மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-ல் தொடங்கியது. குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதை ஒழிக்க 1974-ல் தமிழ்நாட்டில் சட்டம் போட்டார்கள். கிளப் கோர்ட்டுக்குப் போச்சு. 1996-ல் சுப்ரீம் கோர்ட், இது வெறும் அதிர்ஷ்டம் இல்லை, குதிரையின் பழைய ஓட்டம், ஜாக்கி எல்லாம் பார்த்துக் கணிக்கிற திறமை விளையாட்டு என்று தீர்ப்புச் சொன்னது.

இந்தத் தீர்ப்பைத்தான் என் சித்தப்பாவும் சொல்வார். (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், பெயர் மட்டும் போடலை.) விசைத்தறியில் வேலை. ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்து போனில் காசு கட்டிக் குதிரைப் பந்தயம் விளையாடுவார். ஜெயித்த அன்றைக்கு எங்களுக்குப் புரோட்டா வரும். தோற்ற கணக்கு யாருக்கும் தெரியாது. ஒருநாள் சித்தியின் கம்மல் அடகுக்கடைக்குப் போனபோதுதான் தெரிந்தது. கோர்ட் சொன்னது புல் தின்கிற, மூச்சு வாங்குகிற குதிரையை. போன் குதிரைக்குப் பசியும் இல்லை, களைப்பும் இல்லை, எது ஜெயிக்கணும் என்று புரோகிராம்தான் சொல்லுது. அதில் என்ன திறமை? காசு கட்டி விளையாடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்ட்டில் பாராளுமன்றத்தில் சட்டம் வந்தது. கம்மல் அதுக்கு முன்னாலேயே போயாச்சு.

புளியமுத்தை சித்தப்பா முன்னாடி பரப்பினேன். முதலில் சிரித்தார். மூணு ரேஸுக்கு அப்புறம், “இந்தத் தடவை நான் டப்பாவா இருக்கேன்ட்டி” என்றார். அஞ்சு ரேஸ் டப்பாவாக இருந்தார். முத்தை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். ஒண்ணும் பேசலை.

சித்தி காதில் இப்போ வேப்பங்குச்சி. வட்டியோடு மீட்க எத்தனை மாசச் சம்பளம் ஆகும் என்று காலண்டர் பின்பக்கம் சித்தப்பா எழுதி வைத்திருக்கிறார்.

500 முத்தும் என் பையில் இருக்கு. மதியம் விளையாட வருகிறவர்கள் வேப்பமரத்தடிக்கு வரலாம். டப்பா கணக்கு டீச்சரிடம்.

– 9-ஆம் வகுப்பு மாணவி