சொந்தமாகப் படம் எடுப்போரும் அவர்தம் கருவிகளும்



சொந்த முயற்சியிற் படம் எடுக்க விழையும் இளைஞர் ஒருவர், அத்துறையிற் பழகியவரைக் கண்டவுடன் கேட்கும் முதற் கேள்வி, "எந்தக் கமரா வாங்கலாம்?" என்பதே. கேள்வி இயல்பானதுதான், ஆயினும் வயலைப் பாராமல் விதைநெல்லுக்கு விலை பேசுவது போன்றது. எதனைப் படம் எடுக்கப் போகின்றோம், எவ்விடத்தில், எப்பருவத்தில், யாருடைய குரலைப் பதியப் போகின்றோம் என்பனவற்றுக்கு விடை கண்ட பின்னரே, கையிலுள்ள பணத்தை எதில் இடுவது என்பது தெளிவாகும். ஆகவே பொதுப்படப் பேசாமல், ஓர் ஊரை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம். அவ்வூர் கிண்ணியா.

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, ஒருபுறம் கொட்டியாரக் குடாவும் மறுபுறம் தம்பலகாமக் குடாவும் அணைத்துக் கிடக்கும் ஊர் அது. மீன்பிடி, வேளாண்மை, கால்நடை ஆகிய மூன்றும் அங்கு வாழ்வு நடத்தும் தொழில்கள். இன்று பேருந்தில் அமர்ந்தபடியே ஊருக்குட் சென்றுவிடலாம். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்படும் வரை, நீரைக் கடப்பதற்குப் 'பாதை' எனப்படும் மிதவையையே மக்கள் நம்பியிருந்தனர். பாதைக்காகக் கரையிற் காத்துநின்ற பொழுதுகள், நோயாளியை ஏற்றிக்கொண்டு அக்கரை சேர்ந்த இரவுகள், 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை ஊருக்குட் புகுந்து மருத்துவமனையையும் தாக்கிய காலை, போர்க்காலத்து இடப்பெயர்வுகள் ஆகிய யாவும் முதியோர் நினைவில் உள்ளன. அந்நினைவுகளைச் சுமப்போர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். தம் மூத்தவாப்பாவையோ உம்மம்மாவையோ அமரச் செய்து கதை கேட்டுப் படமாக்க ஓர் இளைஞர் முற்படுவாராயின், அவருக்கு வாய்ப்பு ஒருமுறைதான் கிட்டும். மறுமுறை கேட்டாலும் பெரியவர் சொல்வார். ஆனால் முதன்முறை சொன்னதைப்போலச் சொல்லார். இதனை மனத்திற்கொண்டுதான் கருவிகளைப் பற்றி நாம் பேசவேண்டும்.

படம் சற்று மங்கினாலும் பார்ப்போர் பொறுத்துக்கொள்வர். சொல் விளங்காவிடின் எழுந்து போய்விடுவர். ஆதலால் முதற் செலவு ஒலிக்கே உரியது. கமராவிலேயே அமைந்துள்ள ஒலிவாங்கி எத்துணைச் சிறந்ததாயினும் அது கமரா நிற்கும் இடத்தில் நிற்கின்றது. பேசுபவரோ இரண்டு மீற்றருக்கு அப்பால் இருக்கின்றார். ஒலியின் வலிமை தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவது இயற்கை விதி. ஒலிவாங்கியை இரண்டு மீற்றரிலிருந்து அரை மீற்றருக்குக் கொண்டுவந்தால், பேச்சின் வலிமை 16 மடங்காகப் பெருகும். தெருவிற் செல்லும் முச்சக்கர வண்டியின் இரைச்சலோ முன்னிருந்த அளவிலேயே நிற்கும். எவ்வளவு விலையுயர்ந்த கமராவும் இந்த 16 மடங்கைத் தரமாட்டாது. சட்டையில் மார்பருகே குத்திவைக்கும் ஒரு சிறு ஒலிவாங்கி தரும்.

கம்பியற்ற ஒலிவாங்கிகள் இன்று மலிந்துவிட்டன, வசதியானவையுங்கூட. எனினும் அமர்ந்து பேசும் பெரியவர் ஒருவருக்குக் கம்பியுள்ளதே போதும். விலையும் குறைவு, நடுவில் அறுபடும் அச்சமுமில்லை. கையில் இரண்டாவது கைத்தொலைபேசி ஒன்று இருந்தால், அதிற் சிறு ஒலிவாங்கியைப் பொருத்திப் பெரியவரின் சட்டைப்பையில் இட்டுத் தனியே ஒலிப்பதிவு செய்துகொள்ளலாம். தொடக்கத்திலும் முடிவிலும் கமராவின் முன் ஒருமுறை கைதட்டிவிட்டால், பின்னர்ப் படத்தையும் ஒலியையும் இணைப்பது எளிது. முடிவிலும் தட்டச் சொல்வதற்குக் காரணமுண்டு: இரு கருவிகளின் கடிகாரங்களும் சிறிதளவு வேறுபட்டு ஓடுவதால், நீண்ட பதிவின் இறுதியில் வாயசைவும் சொல்லும் விலகி நிற்கக்கூடும். பெண்களைப் பேட்டி காண்பதாயின், ஒலிவாங்கியைப் பொருத்துவதற்கு ஒரு பெண்ணையே உடன் அழைத்துச் செல்லவேண்டும் என்பதை அவ்வூரவர்க்கு நாம் சொல்லத் தேவையில்லை. வெளியூரிலிருந்து செல்வோர் அறிந்துகொள்க.

இனிக் காற்று. கிண்ணியாவிற் படம் எடுப்பவரின் பெரும்பகை அதுவே. மே மாதத்திலிருந்து வீசும் கச்சான் உலர்ந்து சூடாக வரும். ஆண்டிறுதியில் வாடை மழையோடு வரும். இரண்டும் ஒலிவாங்கியின் மெல்லிய தகட்டில் நேரே மோதி, இடி உருள்வதுபோன்ற ஓசையை உண்டாக்கும். அவ்வோசை பேச்சின்மீது படிந்துவிட்டால், கணினியாலும் அதனை முற்றாகப் பிரித்தெடுக்க இயலாது. ஒலிவாங்கியோடு தரப்படும் பஞ்சுறை வீட்டினுள் போதும், கரையிற் போதாது. நீண்ட மயிருள்ள செயற்கை உரோம உறை வேண்டும். அதன் இழைகள் காற்றின் வேகத்தைச் சிறிது சிறிதாகத் தணித்து, தகட்டைச் சுற்றி அமைதியான காற்றுப் படலம் ஒன்றை நிறுத்துகின்றன. மேனாட்டார் இதனைச் 'செத்த பூனை' என்று வேடிக்கையாகக் குறிப்பர், தோற்றமும் அப்படித்தான். வாங்க வழியில்லையெனின், உரோமத் துணியிற் சிறு உறையொன்றை வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம். அத்துடன் பெரியவரைக் காற்றுக்கு முதுகு காட்டி, கிடுகு வேலிக்கோ மதிலுக்கோ மறைவில் அமரச் செய்தால் பாதித் தொல்லை தீரும். மாரியிலே தகரக் கூரையின்கீழ்ப் பேட்டி வேண்டா. மின்விசிறியை நிறுத்திவிட்டு, புழுக்கம் தாங்கும் அளவுக்குப் பத்து நிமிடம் பத்து நிமிடமாகப் பதிவது நன்று.

ஒலியளவைத் தானியங்கி முறையில் விடுவது தவறு. பேசுபவர் துயர் மேலிட்டு நிறுத்தும்போதெல்லாம் கருவி 'ஒலி குறைந்துவிட்டது' என்றெண்ணிச் சுற்றுப்புற இரைச்சலை உயர்த்திவிடும். மௌனம் மௌனமாகப் பதியாது. அளவைக் கையாலே நிறுத்தி, உரத்த சொல்லும் அளவுமானியிற் சுழியத்தைத் தொடாதபடி, ஏறக்குறைய 12 டெசிபெல் கீழே நிற்குமாறு வைத்துக்கொள்க. செவிக்கருவி அணிந்து ஒருவர் கேட்டுக்கொண்டேயிருத்தல் வேண்டும். பள்ளிவாசற் பாங்கொலி நடுவே எழுமாயின் பேச்சை நிறுத்துவது மரியாதையும் ஆகும், படத்துக்கு நன்மையும் ஆகும். ஆனால் பதிவை நிறுத்தவேண்டா. தனியே பதிந்த அந்த ஒலியும், துறையில் நீர் மோதும் ஓசையும், ஆளில்லா முற்றத்தின் அமைதியும் படத்தொகுப்பில் ஈட்டித் தரும் பயனைப் பின்னர் உணர்வீர்கள்.

அடுத்தது ஒளி. கிண்ணியாவில் ஒளிக்குப் பஞ்சமில்லை, மிகுதியே இடர். ஏப்பிரல் நடுவிலும் ஓகஸ்ட் இறுதியிலும் நண்பகற் சூரியன் அங்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அப்போது எடுத்த முகத்தில் கண் இருக்குமிடத்தில் இரு கருங்குழிகள்தாம் தெரியும். காலை ஒன்பது மணிக்கு முன்னரும் மாலை நான்கு மணிக்குப் பின்னரும் வெளிப்படப்பிடிப்பை வைத்துக்கொள்வதற்குக் காசு செலவில்லை.

பகலிற் படம் எடுத்தே தீரவேண்டுமெனின் ஒரு சிறு கணக்கு உண்டு. நல்ல வெயிலில், கமராவின் ஒளியுணர்வை 100 என வைத்து, ஷட்டர் வேகத்தை ஒரு செக்கனில் ஐம்பதில் ஒரு பங்காக வைத்தால், வில்லையின் துவாரத்தை எஃப் 22 வரை சுருக்க நேரிடும். நாம் விரும்புவதோ, பின்னணி சற்று மென்மையாகத் தோன்றும் எஃப் 5.6. இடையே நான்கு படிகள். ஒவ்வொரு படியும் ஒளியை இருமடங்காக்கும். ஆக 16 மடங்கு ஒளி மிகை. அதனை 16இல் ஒரு பங்காகக் குறைக்கும் சாம்பனிற வடிகட்டிக் கண்ணாடி ஒன்றை வில்லையின் முன் பொருத்தினாற் கணக்குச் சரியாகும். இதற்குப் பதிலாகச் ஷட்டர் வேகத்தை உயர்த்துவோர் உளர். அவ்வாறு செய்தால் துடுப்பு வீச்சும் நீரலையும் வெட்டி வெட்டித் துள்ளுவதுபோலத் தோன்றும். விலையுயர்ந்த இரண்டாவது வில்லையை வாங்குமுன் இந்தக் கண்ணாடியை வாங்குக.

நிழலை மென்மையாக்க ஒரு வெள்ளைத் துணி போதும். இது கைவிட்டவர்களின் உபாயமன்று. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' 1955இல் வெளிவந்தபோது, அதன் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அதற்கு முன் திரைப்படக் கமராவை இயக்கிப் பழகாதவர். அடுத்த ஆண்டில் வந்த 'அபராஜித'வில், காசிநகர் வீடொன்றின் முற்றத்தைக் கல்கத்தா நிலையத்தினுள் அமைத்தபோது, மேலே வெள்ளைத் துணியை விரித்து, விளக்கொளியை அதன்மீது பாய்ச்சி, தெறித்து வரும் ஒளியையே பயன்படுத்தினார். வானத்து ஒளி போலவே அது அமைந்தது. நம் நாட்டிலும் அதே 1956இல், லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், 'ரேகாவ'வை நிலையத்தின் சுவர்களை விட்டு வெளியே கொண்டுசென்று கிராமத்து வெயிலிலே எடுத்தார். ஒளிப்பதிவு வில்லியம் பிளேக். இலங்கையின் முதலாவது தமிழ்ப் படமாகிய 'சமுதாயம்', 1962இல், 16 மில்லிமீற்றர்ச் சுருளில் எடுக்கப்பட்டது. அந்த அளவுச் சுருள் நூறடி கொண்டது ஏறக்குறைய இரண்டே முக்கால் நிமிடம் ஓடும். அதன்பின் புதுச்சுருள் மாட்டவேண்டும். இன்று விரற்கடை அளவுள்ள அட்டையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பதிகின்றோம்.

வீட்டு விளக்கொளியில் எடுக்கும்போது இன்னுமொன்றைக் கவனிக்க. நமது மின்சாரம் செக்கனுக்கு 50 முறை அலையும் ஆடலோட்டம்; விளக்குகள் பல செக்கனுக்கு 100 முறை மினுங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத அம்மினுக்கம் கமராவுக்குத் தெரியும். கைத்தொலைபேசிகள் பெரும்பாலும் செக்கனுக்கு 30 சட்டகம் என்ற அமைப்பிலேயே வருகின்றன. அதனைத் திருத்தாமல் எடுத்தால் சுவரிற் கருங்கோடுகள் ஊர்ந்து செல்லும். 25 சட்டகம், ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு என்று மாற்றிக்கொண்டால் தொல்லை தீர்ந்தது.

இப்பொழுது கமராவுக்கு வருவோம். கையில் நல்ல கைத்தொலைபேசி இருப்பின் அதிலேயே தொடங்கலாம். அமெரிக்க இயக்குநர் ஷான் பேக்கர் 2015இல் வெளியிட்ட 'டாஞ்சரின்' என்னும் முழுநீளப் படம் ஐபோனிலே எடுக்கப்பட்டது. ஆனால் அதன் ஒலி தனிக் கருவிகளிற் பதியப்பட்டது என்பதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். தனிக் கமரா வாங்குவோர், உணரியின் பருமனை விளம்பரத்திற் பார்த்து மயங்குமுன், வெளி ஒலிவாங்கிக்குத் துளை உண்டா, செவிக்கருவிக்குத் துளை உண்டா, எல்லாவற்றையும் கையால் நிறுத்தலாமா என்று பார்க்க. சில பழைய கமராக்கள் 30 நிமிடத்துக்கு ஒரு செக்கன் குறைவாகவே தொடர்ந்து பதிந்து, பின் தாமாகவே நின்றுவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க வரி விதியொன்றுக்கு அஞ்சித் தயாரிப்பாளர் இட்ட எல்லை அது. பெரியவர் கதையின் உச்சத்தில் இருக்கும்போது நிற்குமாயின் பெருநட்டம். வெப்பம் மிகுந்து நின்றுவிடும் கமராக்களும் உள. நம் வெயிலில் அவற்றுக்குக் குடை பிடிப்பது அவசியம். பழைய கமரா வாங்குவோர் வில்லையினூடே கைவிளக்கை அடித்துப் பார்க்க. சிலந்திவலை போன்ற பூஞ்சணம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுக.

அப்பூஞ்சணமே கடற்கரையூரின் மற்றொரு பகை. இறுக மூடும் பிளாஸ்ரிக் பெட்டியொன்றில் சிலிக்கா ஜெல் பொதிகளை இட்டு, ஈரப்பதம் நூற்றுக்கு ஐம்பதுக்குக் கீழ் நிற்குமாறு கமராவை வைத்தாற் போதும். பெட்டிக்குள் அரிசி இடுவோர் அதன் தூசியையே வில்லைக்கு ஊட்டுகின்றனர். கடற்கரையில் நின்று வில்லையைக் கழற்றி மாட்டுதல் ஆகாது. வேலை முடிந்ததும் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியாற் கமராவின் வெளிப்புறத்தைத் துடைத்து உப்பை அகற்றவேண்டும். குளிரூட்டிய வாகனத்திலிருந்து இறங்கியவுடன் கமராவை வெளியே எடுத்தால் வில்லை வியர்த்துவிடும்; அரைமணி நேரம் பைக்குள்ளேயே விட்டுவைக்க.

பறக்கும் கமரா பற்றி ஒரு சொல். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளுக்கு உட்பட்டே அதனைப் பறக்கவிடலாம். சீனக்குடா விமானத் தளமும் கடற்படையின் துறைமுகத் தளமும் நீருக்கு அக்கரையில் இருப்பதை மறவாதீர்கள்.

மின்கலங்கள் மூன்றேனும் வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததைக் கண்ட நாம், சுவர் மின்சாரத்தை நம்பிப் புறப்படலாகாது. பதிவட்டைக்கும் கணக்குப் பார்த்துக்கொள்க: செக்கனுக்கு 100 மெகாபிற் என்ற அளவிற் பதிந்தால் நிமிடத்துக்கு 750 மெகாபைற்றும் மணித்தியாலத்துக்கு 45 ஜிகாபைற்றும் ஆகும். 64 ஜிகாபைற் அட்டை ஒன்றரை மணித்தியாலத்துக்கும் காணாது.

அன்றிரவே பதிவுகளை இரண்டு வேறு வட்டுகளிற் படியெடுத்து, இரண்டையும் திறந்து பார்த்த பின்னரே அட்டையை அழிக்க. ஒரு வட்டு உங்கள் வீட்டிலும் மற்றது வேறொரு வீட்டிலும், முடிந்தால் நீர் ஏறாத மேட்டுநிலத்திலும் இருக்கட்டும். ஒவ்வொரு கோப்புக்கும் பேசியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றை இட்டு, வெட்டாத முழுப்பதிவின் படி ஒன்றை அக்குடும்பத்தார் கையிற் கொடுத்துவிடுங்கள்.