வானம் தோண்டுறதுக்கு முன்னாடி நம்ம வீட்டை நாமே வரைவோம்



குழுவில் கடன் கேட்கும்போது பிள்ளைகள் படிப்பு, வைத்தியச் செலவு, கறவை மாடு என்று பல காரணம் சொல்கிறோம். ஆனால் மனசுக்குள்ள எல்லாருக்கும் இருக்கிற பெரிய ஆசை ஒரு நல்ல வீடு. பெரும்பாலும் அது வாழ்க்கையில ஒரு தடவைதான் நடக்கும். நானூறு ரூபாய் சேலையைப் பத்துத் தடவை பிரிச்சுப் பார்த்து வாங்குற நாம, லட்சக்கணக்கில் செலவாகிற வீட்டை மட்டும் மேஸ்திரிகிட்ட, “நீங்களே பார்த்துச் செய்யுங்கண்ணே” என்று விட்டுவிடுகிறோம்.

விளைவு என்ன? ஊருக்கு ஊர் பார்க்கலாம். முன்பக்கம் டைல்ஸ் ஒட்டின புது வீடு நிற்கும். அதன் பின்னால் பழைய கூரைக் கொட்டகையும் நிற்கும். சமையல் நடப்பது கொட்டகையில்தான். புது வீட்டுச் சமையலறையில் நெல் மூட்டையும் சைக்கிளும் இருக்கும். ஏன் என்று கேட்டால், “உள்ள அடுப்பைப் பத்த வச்சா மூச்சு முட்டுது, உக்காந்து காய் நறுக்க இடமில்ல, பாத்திரம் கழுவுன தண்ணி வெளிய போக வழியில்ல” என்பார்கள். இதில் மேஸ்திரியை மட்டும் குறை சொல்ல முடியாது. அந்த வீட்டில் யார் என்ன வேலை செய்யப் போகிறார்கள் என்று அவரிடம் யாருமே சொல்லவில்லையே!

கட்டிடக்கலை என்றதும் மாளிகையும் கோயில் கோபுரமும் ஞாபகம் வரும். நம் 300 சதுர அடி வீட்டுக்கும் அது உண்டு. அங்கே வாழப்போகிறவர் காலையில் எழுந்ததிலிருந்து எங்கே நிற்பார், எங்கே உட்காருவார், எதைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் போவார் என்று பார்த்து, அதற்கேற்ப சுவரையும் வாசலையும் ஜன்னலையும் வைப்பதுதான் அது. அந்த விவரம் நம்மிடம்தானே இருக்கிறது?

ஒரு நாளை எழுதுங்க, பிறகு கோலமாவை எடுங்க

முதலில் ஒரு நோட்டில் உங்கள் வீட்டின் ஒரு நாளை எழுதுங்கள். படிக்கிற பிள்ளையை எழுதச் சொன்னாலும் சரி. தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ராத்திரி எத்தனை பேர் படுக்கிறோம், யார் எங்கே? மாமியாருக்கு முழங்கால் வலியா? வயசுக்கு வந்த பெண் உடை மாற்ற எங்கே போவாள்? ஆடு, கோழி உண்டா? தையல் மிஷின் போட்டுப் பிழைக்கிறோமா? விறகு மழையில் நனையாமல் எங்கே இருக்கும்? இதை எழுதினாலே பாதி வீடு தெரிந்துவிடும்.

அடுத்து, மனையைச் சுத்தம் செய்து, கோலமாவோ அடுப்புச் சாம்பலோ கொண்டு தரையில் வீட்டை வரையுங்கள். சின்னத் தாளில் வரைந்து ஏமாற வேண்டாம். இன்ஜினியர் கொடுத்த பிளான் இருந்தால் அதே அளவை டேப் பிடித்துத் தரையில் போடுங்கள். சுவருக்கு ஒரு கோடு போடாமல் 9 அங்குல இடைவெளி விட்டு இரண்டு கோடாகப் போடணும். இதில்தான் பலரும் ஏமாறுவது.

20 அடி நீளம், 15 அடி அகலம் உள்ள வீடு வெளி அளவில் 300 சதுர அடி. நாலு பக்கமும் 9 அங்குலச் சுவர் எழுப்பினால் உள்ளே மிஞ்சுவது பதினெட்டரைக்குப் பதிமூன்றரை, அதாவது சுமார் 250 சதுர அடிதான். 50 சதுர அடியைச் சுவரே தின்றுவிடுகிறது! அதற்குள்ளே மூன்று சின்ன அறை என்று தடுத்தால் இன்னும் குறையும். “ரெண்டு ரூம் வேணும்” என்று பெருமைக்குத் தடுத்து, கட்டில் போட்டால் கதவு திறக்காத அறைகளைக் கட்டுவதைவிட, ஒரு நல்ல பெரிய அறையும் மறைவான ஒரு சின்ன அறையும் மேல் என்பது என் கருத்து.

கோடு போட்ட பிறகு அதற்குள்ளே நடங்கள். பழைய பாயை விரித்துப் படுத்துப் பாருங்கள். பீரோ வருகிற இடத்தில் ஒரு பலகை வையுங்கள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் திரும்புங்கள். இடித்தால் கோட்டை அழித்து மாற்றலாம், பைசா செலவில்லை. பேஸ்மட்டம் போட்ட பிறகு மாற்ற நினைத்தால் ஆயிரங்கள் போகும்.

அடுப்படிதான் வீட்டின் முதல் அறை

கேஸ் வந்துவிட்டாலும் வெந்நீருக்கும், விசேஷத்துக்கும், சிலிண்டர் தீர்ந்த நாளுக்கும் விறகடுப்பு வேண்டியிருக்கிறது. ஆகவே இரண்டுக்கும் இடம் வையுங்கள். கேஸ் உள்ளே, விறகடுப்பு பின்பக்கம் கூரை இறக்கின தாழ்வாரத்தில். விறகடுப்பும் உள்ளேதான் என்றால், புகைக்குழாய் கூரைக்கு மேலே இரண்டு மூன்று அடி உயர்ந்து நிற்கணும். சுவரில் ஓட்டை போட்டுக் குழாயை வெளியே நீட்டிவிட்டால் காற்று திருப்பி அடிக்கும்போது புகை நம் கண்ணுக்கே வரும்.

கேஸ் விஷயத்தில் ஒன்று பலருக்குத் தெரியாது. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தரையாகப் படியும். உயரத்தில் ஒரு ஜன்னல் மட்டும் இருந்தால் அது வெளியேறாது. ஆகவே சிலிண்டர் வைக்கிற இடத்தில் தரையை ஒட்டி வெளிச்சுவரில் ஒரு திறப்பு விடச் சொல்லுங்கள். எலி வராமல் கம்பி வலை அடித்துக்கொள்ளலாம்.

மேடை எத்தனை உயரம்? மேஸ்திரி அவர் வழக்கப்படி கட்டிவிடுவார். சமைப்பது நாமல்லவா! நிமிர்ந்து நின்று கையை மடக்குங்கள். முழங்கைக்கு 4 அங்குலம் கீழே மேடை வந்தால் தோளும் இடுப்பும் வலிக்காது. அஞ்சடி உயரமுள்ளவருக்கு இது ஏறத்தாழ 32, 33 அங்குலம் வரும். கீழே உட்கார்ந்து அரிவாள்மணையில் நறுக்குகிற பழக்கம் இருந்தால் அதற்கும் தரையில் இடம் விட வேண்டும். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் வாழைக்கோ முருங்கைக்கோ போகிற மாதிரி வாட்டம் வையுங்கள்.

வாஸ்து பார்க்கிறவர்கள் அக்னி மூலை என்று தென்கிழக்கில் அடுப்படி வைப்பார்கள். வைத்துக்கொள்ளலாம், சண்டை வேண்டாம். மேல்காற்று அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் புகை வீட்டை விட்டு விலகித்தான் போகும். ஆனால் ஐப்பசி வாடைக்காற்றிலும், கடலோர ஊர்களில் கிழக்கே இருந்து வரும் கடல்காற்றிலும் அதே புகை வீட்டுக்குள் திரும்பும். எனவே அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே மூடுகிற கதவு ஒன்று இருக்கட்டும்.

வெயிலும் காற்றும்

நம்ம ஊரில் பகல் வெயிலை வாங்கி ராத்திரி முழுக்க வீட்டுக்குள் விடுவது இரண்டு: மேற்குச் சுவர், காங்கிரீட் தளம். மேற்குப் பக்கம் படுக்கிற அறை வேண்டாம். குளியலறை, சாமான் அறை, மாடிப்படி இவற்றை அந்தப் பக்கம் தள்ளலாம். அங்கே ஒரு வேப்பமரம் இருந்தால் அதை வெட்டாதீர்கள், சுவரைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். தளத்தின் மேலே கோடைக்கு முன்பு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வீட்டுக்குள்ளே சூடு குறைவது நன்றாகத் தெரியும்.

ஒரு அறைக்கு ஒரே ஜன்னல் என்றால் காற்று வராது. வந்த காற்று போக எதிர்ச் சுவரில் ஒரு வழி வேண்டும். சூடான காற்று மேலே ஏறும், ஆகவே தளத்தை ஒட்டி வென்டிலேட்டர் அவசியம். திண்ணையைத் தேவையில்லாத இடம் என்று வெட்டிவிடுகிறார்கள். பூக்கட்டுவது, பீடி சுற்றுவது, குழுக் கூட்டம், பிள்ளைகள் பாடம், வெயிலில் வந்தவர் உட்காருவது எல்லாம் அங்கேதானே!

இரண்டு கடற்கரைகள்

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நம் கடலோர மாவட்டங்களில் ஏராளமான புது வீடுகள் கட்டப்பட்டன. நல்ல எண்ணத்தோடுதான் கட்டினார்கள். ஆனால் பல இடங்களில் மரங்களை வெட்டித் தரையைச் சமமாக்கி, வரிசை வரிசையாக ஒரே மாதிரி காங்கிரீட் வீடுகள் எழுந்தன. திண்ணை இல்லை, நிழல் இல்லை. உள்ளே இருக்க முடியாத புழுக்கம். மீனவப் பெண்கள் மரத்தடியில் செய்துவந்த வேலைகளுக்கு இடமே இல்லாமல் போனது.

அதற்கு முப்பது வருஷம் முன்பே திருவனந்தபுரத்துக்கு அருகில் பூந்துறை என்ற மீனவர் ஊரில் வேறு மாதிரி செய்து காட்டினார் லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தில் பிறந்து, காந்தியடிகளைச் சந்தித்த பின் இந்தியாவிலேயே தங்கிவிட்ட கட்டிடக் கலைஞர் அவர். 2007-ல் காலமானார். பூந்துறையில் அவர் வீடுகளை ஒரே கோட்டில் நிறுத்தவில்லை. ஒன்றை முன்னே, ஒன்றைப் பின்னே என்று விலக்கி வைத்தார். அதனால் எந்த வீட்டுக்கும் கடல்காற்று மறையவில்லை. இடையில் வலை காயப்போடவும் பிள்ளைகள் விளையாடவும் இடம் கிடைத்தது. செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கின சல்லடைச் சுவர் ஜன்னல் செலவைக் குறைத்தது.

பேக்கர் பரப்பிய இன்னொரு முறை, செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுகிற ‘எலிப்பொறி’ முறை. அதே 9 அங்குலச் சுவருக்கு நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். நடுவில் நிற்கிற காற்று வெயிலையும் தடுக்கும். ஆனால் ஒன்று, செங்கல் எல்லாம் ஒரே அளவாக இருக்கணும், மூலைகளில் வெற்றிடம் விடக் கூடாது, செய்து பழகின கொத்தனாரும் வேண்டும். தெரியாதவரை வைத்துச் சோதனை செய்யாதீர்கள்.

காசுக்குள் வீடு

பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் வீட்டின் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 269 சதுர அடி, அடுப்படியும் சேர்த்து. 2024-ல் தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய். பிரதமர் திட்டத்தில் வீட்டைப் பெரும்பாலும் மனைவி பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலுமோதான் ஒதுக்கணும் என்று விதி இருக்கிறது. பெயர் நம்முடையது என்றால் பிளானிலும் நம்ம பேச்சு இருக்கலாமில்லையா?

பணம் தவணை தவணையாக, வேலை முடிய முடிய வரும். இங்கேதான் ஆபத்து. “எப்படியும் கட்டுறோம், பெருசாவே போட்டுடலாம்” என்று 700 சதுர அடிக்கு அஸ்திவாரம் போடுகிறார்கள். முதல் தவணையும் கைக்காசும் மண்ணுக்குள் போய்விடும். லிண்டல் மட்டத்தில் வேலை நிற்கும். அடுத்த தவணை வராது. பிறகு குழுக் கடன், அது போதாமல் கந்துவட்டி. கம்பி துருப்பிடித்து நிற்கிற இந்த மாதிரி வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இதற்கு ஒரு வழி தென் அமெரிக்காவில் சிலி நாட்டில் இகிகே என்ற ஊரில் செய்தார்கள். அங்கேயும் அரசு மானியம் முழு வீட்டுக்குப் போதவில்லை. அலெஹாந்த்ரோ அரவேனாவும் அவருடைய குழுவினரும் அந்த மக்களோடு உட்கார்ந்து பேசி, 2004 வாக்கில் சுமார் நூறு குடும்பங்களுக்கு ‘பாதி வீடு’ கட்டினார்கள். எந்தப் பாதி? குடும்பம் தானாகக் கட்ட முடியாத பாதி. உறுதியான அமைப்பு, சமையலறை, குளியலறை, படிக்கட்டு. பக்கத்தில் மறு பாதிக்கு இடம் விட்டிருந்தார்கள். மக்கள் காசு சேரச் சேர அதைத் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள். நாமும் அப்படி யோசிக்கலாம். இப்போது கையில் உள்ள பணத்துக்கு அடுப்படி, கழிப்பறை, ஒரு பெரிய அறை, தளம் முழுசாக முடியட்டும். அடுத்த அறை எந்தப் பக்கம் வரும், அதற்கு வாசல் எங்கே என்று இன்றே குறித்துவைத்து, அந்தச் சுவரில் லிண்டல் மட்டும் போட்டுவிட்டால் பிறகு இடித்துக்கொள்ளலாம்.

கழிப்பறைக்கு இரட்டைக் குழி முறை நல்லது. ஒன்று நிறைந்தால் அடுத்ததற்கு மாற்றிவிடலாம். கிணறு, போர்வெல்லிலிருந்து 33 அடியாவது தள்ளி இருக்கட்டும். வயசானவர் பிடித்து எழ சுவரில் ஒரு கம்பி வைக்க மறக்காதீர்கள்.

குழு என்ன செய்யலாம்?

1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிராவில் லாத்தூர் பகுதியில் பெரிய பூகம்பம் வந்தது. கனமான கல்லும் மண்ணுமாகக் கட்டின சுவர்கள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்தன. பிறகு வீடுகளைப் பழுதுபார்த்துப் பலப்படுத்தும் திட்டத்தில், ஸ்வயம் சிக்ஷன் பிரயோக் என்ற அமைப்பின் வழியாகக் கிராமத்து மகளிர் மன்றப் பெண்கள் இறங்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில் அரசுக்கும் குடும்பங்களுக்கும் நடுவே நின்று, பலமான சுவர் எப்படி இருக்கணும் என்று கற்றுக்கொண்டு, வேலை சரியாக நடக்கிறதா என்று பார்த்தார்கள். அவர்களில் பலர் அதற்கு முன்பு கட்டிட வேலை பற்றிப் பேசினதே இல்லை.

நம் குழுக்களில் சித்தாள் வேலைக்குப் போகிற சகோதரிகள் இருக்கிறார்கள். கலவை எப்படி இருக்கணும், செங்கல் நனைந்ததா என்பது அவர்களுக்கு அத்துப்படி. வீட்டுக் கடன் விண்ணப்பம் வரும்போது, ஊக்குநரும் இந்தச் சகோதரிகளில் ஒருவரும் மனைக்குப் போய், தரையில் போட்ட கோலமாவுக் கோட்டைப் பார்த்த பிறகே கடனை முடிவு செய்வது என்று தீர்மானம் போடலாம். அன்றைக்கு வீட்டுக்காரரையும், மாமியாரையும், பிள்ளைகளையும் கோட்டுக்குள்ளே நிற்க வையுங்கள். மேஸ்திரியையும் அதே நேரத்துக்கு வரச் சொல்லிவிடுங்கள்.