போர்த்துவக்கும் வேட்டைத்துவக்கும்

போர் முடிந்த பின்னர்ப் படைக்கலங்கள் எங்கே போகின்றன? வீரர் வீடு திரும்புவர். அரசுகள் உடன்படிக்கை எழுதும். மாண்டோர்க்கு நினைவுக்கல் எழும். இலட்சக்கணக்கிற் செய்து குவித்த கருவிகளின் கதி யாது? தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்ட ஔவையார், அங்கே அழகுசெய்து காவலில் வைக்கப்பட்ட கருவிகளையும், போரிற் சிதைந்து கொல்லன் பட்டறையிற் கிடந்த அதியமானின் கருவிகளையும் ஒப்பிட்டுப் பேசியதைப் புறநானூறு பயின்றோர் அறிவர். அன்று படைக்கலத்துக்கு இருந்த இடங்கள் அவ்விரண்டே. இருபதாம் நூற்றாண்டு மூன்றாவது ஓரிடத்தையும் காட்டிற்று. அது வேட்டைக்காரனின் வீடு.

இந்த மூன்றாவது இடத்தின் வரலாறு பெரிதும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்தது. அரசாங்கத்துக்கு வேண்டாது போன இராணுவத் துவக்குகளை மலிவாக வாங்கி, மான் வேட்டைக்கு ஏற்றவாறு திருத்தியமைப்பது அங்கே நூறாண்டுகளுக்கு மேலாகக் கைத்தொழிலாகவும் பொழுதுபோக்காகவும் இருந்து வருகின்றது. அவற்றை யாதொரு மாற்றமுஞ் செய்யாது சேகரித்து வைப்போரும் அங்கே உளர். இவ்விரு சாராருக்கும் இடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. வழக்கு துவக்கைப் பற்றியதேயாயினும், பழம்பொருளைக் கையாளும் எவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா அதனுள் அடங்கியிருக்கின்றது. அதனாலேயே இலக்கியம் பேசும் இப்பக்கத்தில் அதனை எடுத்துரைக்கத் துணிந்தோம்.

தோற்றவர் துவக்கு வென்ற கதை

ஜேர்மனியில் நெக்கார் நதிக்கரையிலுள்ள ஓபர்ன்டோர்வ் என்னும் ஊரில் வில்ஹெல்ம், பவுல் என மவுசர் சகோதரர் இருவர் துவக்குத் தொழில் செய்தனர். இளையவரான பவுல் மவுசர் படிப்படியாகச் செப்பஞ் செய்த துவக்கு 1898இல் ஜேர்மன் இராணுவத்தால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் அமைப்பு எளிது. குழலின் பின்வாயை உருக்குக் கோல் ஒன்று அடைத்து நிற்கும். அதன் கைபிடியைத் திருப்பிப் பின்னே இழுத்தால் வெறுந்தோட்டா வெளியே விழும். முன்னே தள்ளித் திருப்பினால் அடுத்த தோட்டா உட்சென்று கோலும் பூட்டிக்கொள்ளும். அகன்ற நகம் போன்ற ஓர் உறுப்புத் தோட்டாவை முதலிலிருந்தே பற்றிக்கொள்வதால், அஞ்சிப் பதறிய கையிலும் அது எளிதில் இடறுவதில்லை. சீறிவரும் விலங்கின் முன் நிற்பவனுக்கு இதனினும் பெரிய துணை வேண்டுமோ? இன்றைய வேட்டைத் துவக்குகள் பலவும் இந்த 1898ஆம் ஆண்டு அமைப்பின் வழித்தோன்றல்களே.

அதே 1898இல் ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூண்டது. கியூபாவில் ஸ்பானியர் கையில் இருந்தவை மவுசர் துவக்குகள். அமெரிக்கப் படையினர் பலர் கையில் இருந்தவை நோர்வே நாட்டார் வகுத்த கிராக் துவக்குகள். போரில் ஸ்பெயின் தோற்றது. ஆனால் அதன் துவக்கு வென்றது. பகைவர் கருவியின் சிறப்பை நேரிற் கண்ட அமெரிக்கர், 1903இல் தமது புதிய ஸ்பிறிங்பீல்ட் துவக்கை மவுசரின் வழியிலேயே அமைத்தனர். பின்னர் அதற்கான உரிமைக் கட்டணமாக இரண்டு இலட்சம் டொலரை மவுசர் கம்பனிக்குச் செலுத்தவும் நேர்ந்தது.

அப்போரிற் கைப்பற்றப்பட்ட பொருள்களிற் பெரும்பகுதியை விலைக்கு வாங்கியவர் நியூயோர்க் வணிகர் பிரான்சிஸ் பானர்மன். அத்துணை வெடிமருந்தை நகரினுள் வைத்திருத்தல் ஆகாதாகையால், ஹட்சன் ஆற்றின் நடுவேயுள்ள ஒரு தீவையே 1900இல் வாங்கி, அங்கே கோட்டை வடிவிற் களஞ்சியம் எழுப்பினார். போர் மிச்சத்தைப் பொதுமக்களுக்கு விற்பதைப் பெருவணிகமாக வளர்த்தவர்களுள் அவர் முதன்மையானவர்.

தலைவரும் எழுத்தாளரும் தொழிலாளரும்

இராணுவத் துவக்கை வேட்டைக்குத் திருத்தியோருள் அமெரிக்க ஜனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ட் முன்னோடியாவார். ஸ்பிறிங்பீல்ட் துவக்கு வெளிவந்த காலத்திலேயே தமது உடலுக்கும் கண்ணுக்கும் ஏற்ப ஒன்றை அமைப்பித்துக்கொண்டார். 1909இல் ஆபிரிக்க வேட்டைக்குச் சென்றபோது அதனையும் உடன்கொண்டு சென்றார். 1923இல் நியூயோர்க்கில் தொடங்கிய கிரிபின் அன்ட் ஹோ என்னும் நிறுவனம் இத்தகைய திருத்தத்தை ஓர் உயர்ந்த கலையாக்கிற்று. அதன் கைப்பட்ட ஸ்பிறிங்பீல்ட் ஒன்றை ஏர்னஸ்ட் ஹெமிங்வே கிழக்காபிரிக்காவுக்கு எடுத்துச் சென்றார். 1936இல் வெளிவந்த அவருடைய பிரான்சிஸ் மக்கோம்பர் பற்றிய சிறுகதையில், வேட்டைக்கு வந்த கணவன் கையிற் கொடுக்கப்படுவதும் ஒரு ஸ்பிறிங்பீல்டே.

இவை செல்வர் கதை. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே இவ்வழக்கம் எளியோர் இல்லங்களுக்குப் பரவிற்று. ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் படைக்கலக் களஞ்சியங்களில் பழந்துவக்குகள் குவிந்து கிடந்தன. சாமுவேல் கம்மிங்ஸ் என்பவர் 1953இல் தொடங்கிய நிறுவனம் அவற்றை மொத்தமாக வாங்கி, வேர்ஜீனியா மாநிலத்து அலெக்சாந்திரியாவில், பொற்றோமாக் ஆற்றங்கரைக் களஞ்சியங்களில் நிரப்பிற்று. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துக் காசுக்கட்டளை அனுப்பினால் துவக்கு தபாலில் வந்துசேர்ந்த காலம் அது. புதிய வேட்டைத் துவக்கை வாங்க இயலாத கமக்காரனும் ஆலைத் தொழிலாளியும் இவற்றை வாங்கினர். ஒரு மானின் இறைச்சி, குளிர்காலத்தில் ஒரு குடும்பத்தின் சமையலுக்குப் பல நாட்கள் உதவும். இதனை மறந்து இவ்வழக்கைத் தீர்க்கப் புகுவது நீதியன்று.

பட்டறையில் நிகழ்வது

களஞ்சியத்திலிருந்து வந்த துவக்கின் மேனி முழுவதும் துருவைத் தடுக்கும் தடித்த கொழுப்புப் பூசப்பட்டிருக்கும். அதனைக் கழுவி நீக்குவதே முதல் வேலை. அடுத்துப் போருக்கென அமைந்த உறுப்புகள் ஒவ்வொன்றாக நீங்கும். தொடர்ந்து சுடுகையிற் கொதிக்கும் குழல் வீரனின் கையைச் சுடாதிருக்கவும், முனையிற் கத்தி பொருத்திக் குத்தும்போது தாங்கவும், குழலின் நுனி வரை மரம் மூடியிருக்கும். நாள் முழுதும் நடந்து ஒருமுறையோ இருமுறையோ சுடும் வேட்டைக்காரனுக்கு அது வீண்சுமை. ஆகவே மரத்தை நடுவில் அறுப்பர். குழலையும் சிறிது குறைப்பர். வசதியுள்ளோர் வாதுமை இனத்து மரத்திற் புதுக்கட்டை கடைந்து, கை வழுக்காதிருக்கக் கட்டங்கட்டமாகக் கீறல் இடுவர்.

குறிகாட்டியும் அவ்வாறே. 1898ஆம் ஆண்டு மவுசரின் குறிகாட்டி 400 மீற்றரில் தொடங்கி 2,000 மீற்றர் வரை அளவிடப்பட்டது. படையணியாக நின்று தொலைவிலுள்ள பகையணியை நோக்கிச் சுடுவதற்கு அது பொருந்தும். மரச்செறிவில் நூறு மீற்றருக்குள் நிற்கும் மானை அதனாற் குறிவைத்தால் குண்டு தலைக்கு மேலே போய்விடும். தொலைநோக்கி பொருத்தினாலோ, நேரே மேலெழும் கோலின் கைபிடி அதில் முட்டும். அதனைப் பழுக்கக் காய்ச்சிக் கீழ்நோக்கி வளைக்க வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றொன்றைத் தொடவேண்டி வருவது திருத்தத் தொழிலின் இயல்பு.

நாடுதோறும் சட்டமும் தேவையும் வெவ்வேறு வடிவங்களைத் தந்தன. நோர்வே, 1945இல் சரணடைந்த ஜேர்மானியர் விட்டுச்சென்ற மவுசர்களுக்கு அமெரிக்கத் தோட்டாவுக்குரிய புதுக்குழல் பூட்டிற்று. அவுஸ்திரேலியர், பிரித்தானியரின் லீ-என்பீல்ட் துவக்கிற் சிறுதுளைக் குழலைப் பொருத்தினர். அண்டை நாடான இந்தியாவில், இராணுவத் தோட்டாவைப் பொதுமக்கள் வைத்திருத்தல் தடுக்கப்பட்டமையால், லீ-என்பீல்டின் அமைப்பிலேயே .315 என்னும் வேறு தோட்டாவுக்குரிய வேட்டைத் துவக்கை அரசாங்கத் தொழிற்சாலை செய்தது.

குண்டிலும் ஒரு முரண் உண்டு. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் படைக்கலச் சாலையில், உடலுட் புகுந்ததும் விரியும் குண்டுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் செய்யப்பட்டன. மனிதர்மீது அவற்றை ஏவுதல் கொடுமை எனக் கருதி, 1899இல் ஹேக் மாநாட்டில் நாடுகள் பல அவற்றைப் போரில் விலக்கின. ஆகவே இராணுவக் குண்டு முற்றும் கடின உலோகத்தால் மூடப்பட்டது. ஆனால் அக்குண்டு மானின் உடலை ஊசிபோல் ஊடுருவிச் செல்லும். மான் உடனே மாளாது காயத்தோடு ஓடி, எங்கோ கிடந்து வருந்திச் சாகும். ஆதலின் அமெரிக்க மாநிலங்கள் பல, மான் வேட்டையில் மூடிய குண்டை விலக்கி, விரியும் குண்டையே வேண்டுகின்றன. போரிற் கொடுமையெனப்பட்டது வேட்டையில் இரக்கமெனப்படுகின்றது!

உருக்கினுள் மறைந்திருப்பது

மரத்தை அறுப்பதும் வளைப்பதும் கண்ணுக்குத் தெரியும் வேலைகள். கண்ணுக்குத் தெரியாததே உயிருக்கு ஆபத்தானது. தொடக்கக் காலத்து ஸ்பிறிங்பீல்ட் துவக்குகளின் உருக்கைக் காய்ச்சிய தொழிலாளர், வெப்பத்தின் அளவை அதன் நிறத்தைக் கண்ணாற் கண்டே மதிப்பிட்டனர். அனுபவம் மிக்க கண்களே அவை. ஆயினும் பளிச்சென்ற வெயில் நாளில், காய்ந்த இரும்பின் ஒளி மங்கலாகத் தோன்றும். இன்னும் சூடு வேண்டும் என எண்ணி மிகையாகக் காய்ச்சிவிடுவர். அவ்வாறு வெந்த உருக்கு நொறுங்குந் தன்மை எய்தியது. 1917இற் சில துவக்குகள் சுடுகையில் வெடித்த பின்னரே இக்குறை வெளிப்பட்டது. 1918இற் காய்ச்சும் முறை மாற்றப்பட்டது. ஸ்பிறிங்பீல்ட் சாலையில் எட்டு இலட்சத்துக்குக் குறைந்த தொடரிலக்கம் பெற்ற துவக்குகளைச் சுடாதிருத்தலே நலம் என இன்றும் அறிந்தோர் எச்சரிப்பர். ஒரு பொருளின் வரலாற்றை அறியாது அதனைத் திருத்தப் புகுவோன் தன் முகத்தருகிலேயே வெடியை வைத்திருக்கின்றான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

காக்க வேண்டும் என்போர்

1963 நவம்பர் 22ஆம் தேதி ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பயன்பட்டது, தொலைநோக்கியுடன் 19 டொலர் 95 சதத்துக்கு விளம்பரஞ் செய்யப்பட்டு, சிக்காகோ நகரிலிருந்து தபால்மூலம் பெறப்பட்ட இத்தாலிய இராணுவத் துவக்கு. அக்கொலையின் பின் எழுந்த விவாதம், மேலும் பல படுகொலைகளைக் கண்டு, 1968இற் சட்டமாக முடிந்தது. தபால் வணிகம் நின்றது. இராணுவ மிச்சத் துவக்குகளின் இறக்குமதியும் தடைப்பட்டது. அரும்பொருள் எனக் கொள்ளத்தக்க பழந்துவக்குகளுக்கு 1984இல் மீண்டும் வாயில் திறக்கப்பட்டது. அதற்குள் மக்கள் மனம் மாறியிருந்தது. மலிந்து கிடந்தபோது வெட்டி எறிந்த மரத்துண்டுகளை இப்போது தேடலாயினர்.

காரணம் உண்டு. மாற்றமுறாத துவக்கு ஒரு சாசனம். யப்பானியத் துவக்கின் மேல் பேரரசரின் சின்னமாகிய பதினாறிதழ்ச் செவ்வந்திப்பூ பொறிக்கப்பட்டிருக்கும். 1945இற் சரணடைந்தபோது ஒப்படைக்கப்பட்டவற்றிற் பெரும்பாலானவற்றில் அப்பூ அராவி அழிக்கப்பட்டது. போர்க்களத்திற் கைப்பற்றப்பட்டவற்றில் அது அழியாதிருக்கும். ஒரு பூ இருத்தலும் இல்லாதிருத்தலும் அத்துவக்கு கடல்கடந்த வழியை ஊகிக்க உதவுகின்றன. சுவீடன் நாட்டு மவுசரின் பிடியிற் பதித்த பித்தளை வட்டம், குழலின் உட்புறம் எவ்வளவு தேய்ந்துள்ளது என்பதைக் கூறும். பின்லாந்தின் துவக்குகள் பலவற்றில், ரஷியப் பேரரசுக் காலத்து உறுப்பின் மேல் பின்லாந்து இராணுவத்தின் முத்திரை இருக்கும். அரம் பட்டால் இவ்வெழுத்துகள் போய்விடும். போனவை திரும்பா. ஆகவே, முன்னொரு காலத்தில் திருத்தத்தால் மதிப்பு ஏறிய பொருள், இன்று பெரும்பாலும் திருத்தத்தால் மதிப்பு இழக்கின்றது.

எது தகும்?

ஏட்டுச் சுவடிகளோடு பழகியோர்க்கு இவ்வழக்கு புதியதன்று. செல்லரித்த ஏட்டில் பொருள் விளங்காத சொல்லைக் கண்ட பதிப்பாசிரியர் முன் இரு வழிகள் உள. தமக்குச் சரியெனத் தோன்றியவாறு திருத்தி அச்சிடலாம். கற்போர்க்கு அது எளிதாகும். இருந்த பாடத்தை இருந்தவாறே வைத்துத் தம் கருத்தைக் கீழே குறிக்கலாம். பின்வருவோர்க்குச் சான்று எஞ்சும். திருத்தியவர் குற்றவாளியல்லர், அவரால் நூல் வழங்கிற்று. ஆனால் மூல ஏடும் அழிந்தபின், அவர் மாற்றியது எது, புலவர் பாடியது எது என எவரும் அறியார்.

துவக்குத் திருத்தியோரையும் நாம் பழித்தல் கூடாது. கோடிக்கணக்கில் மலிந்து கிடந்த கொலைக்கருவியை எடுத்து, வீட்டுக்கு உணவு தரும் கருவியாக மாற்றியவன் செய்தது நற்செயலே. அக்காலத்துத் திருத்தங்களிற் சில இன்று தாமே அரும்பொருளாயின. கிரிபின் அன்ட் ஹோ திருத்திய ஸ்பிறிங்பீல்டை எவரும் பழைய வடிவுக்கு மீட்க விரும்பார். ஆனால் அன்று அவனுக்கிருந்த நியாயம் இன்று இல்லை. எளியவிலை வேட்டைத் துவக்குகளைத் தொழிற்சாலைகளே செய்கின்றன. மாற்றமுறாத பழந்துவக்கோ அருகிவருகின்றது.

இருசாராரிடமும் உள்ள நல்லறிஞர் இப்பொழுது ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றனர். முன்னரே அறுக்கப்பட்ட துவக்கை விரும்பியவாறு திருத்துக. முழுமையாய் எஞ்சியதைத் தொடாதிருக்க. தொட்டே ஆகவேண்டுமாயின், மீண்டும் பழையபடி ஆக்கக்கூடியதையே செய்க. மரத்தை அறுப்பதற்குப் பதிலாகக் கழற்றிப் பேணுக. வேறு கட்டையைப் பூட்டுக. உருக்கைத் துளையாது பொருத்தத்தக்க தொலைநோக்கியைத் தேர்க. நமக்குப் பின் வருவோன் நம்மினும் நன்கு அறியக்கூடும் என்னும் அடக்கமே இவ்விதியின் உயிர்.

பழையதைப் பயன்படுத்தவும் வேண்டும். பழையது தன் வரலாற்றைச் சொல்லவும் வேண்டும். கோயில் திருப்பணியிலும், ஏட்டுப் பதிப்பிலும், மூதாதையர் வீட்டைப் புதுக்குவதிலும் இவ்விரண்டுக்கும் இடையே நின்று நாம் தடுமாறுகின்றோம். எங்கோ ஒரு பட்டறையில், பழந்துவக்கைக் கையிலேந்தி, அரத்தை எடுப்பதா வைப்பதா என ஒருவன் தயங்கும் அக்கணம் நமக்கும் உரியதே. அரத்தை எடுக்குமுன் எழுத்தைப் படித்துவிடுதல் அவனுக்கும் நமக்கும் நன்று.