பத்துத் தந்தியும் ஒரு வில்லும்

சென்ற ஆவணியில் நல்லூர்த் தேருக்கென்று கனடாவிலிருந்து வந்திருந்த என் மருமகன், ஒரு மத்தியான வேளையில், விறாந்தையிற் சாய்மனைக் கதிரையிற் கண்ணயர்ந்துகொண்டிருந்த என் காதருகே கைப்பேசியைக் கொண்டுவந்து வைத்து, "மாமா, இது என்ன கிற்றார் எண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்று ஒரு பரீட்சை வைத்தான். அங்கே நண்பர் சிலரோடு சேர்ந்து ரொக் இசைக் குழுவொன்று நடத்துகிறவன் அவன். பழைய மின்கிற்றார்களின் நாதத்தைக் கேட்ட மாத்திரத்தில் இது ஃபென்டர், இது கிப்சன் என்று பிரித்துரைக்கும் செவி வாய்த்தவன். அப்படிப்பட்டவனே இன்னதென்று துணிய மாட்டாமல் என்னிடம் வந்து நின்ற அந்த இசை, பீற்றர் கேப்ரியல் என்னும் ஆங்கிலேய ரொக் இசைஞர், மார்ட்டின் ஸ்கோர்செசி இயக்கிய ஒரு திரைப்படத்துக்கென அமைத்து 1989இல் 'பாஷன்' என்ற பெயரில் வெளியிட்ட இசைத்தட்டிலிருந்து எடுக்கப்பட்டது. "கிற்றார் இல்லையடா தம்பி, வயலின்" என்றேன். அவன் நம்பவில்லை. அவன் நம்பாமைக்குப் போதிய நியாயம் இருந்தது என்பதையும், அவ்வளவு நியாயம் இருந்தும் அவன் பிழைவிட்டான் என்பதையும் சற்று விஸ்தாரமாகச் சொல்லவே இதனை எழுதுகிறேன்.

பழைய மின்கிற்றாரொன்றை இன்னதென்று துணிவதற்கு மேனாட்டில் ஒரு சாஸ்திரமே வளர்ந்திருக்கிறது. கழுத்தின் பின்புறத்துத் தொடரிலக்கம் அழிந்திருந்தால், உடலைத் திறந்து, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகியின் முதுகிற் பொறித்த எண்களை வாசிப்பார்கள். அங்கே 1376432 என்று கண்டால், 137 என்பது அதனைச் செய்த தொழிற்சாலையையும், 64 என்பது 1964ஆம் ஆண்டையும், 32 என்பது அவ்வாண்டின் முப்பத்திரண்டாம் வாரத்தையும் குறிக்குமாதலால், கிற்றார் அதற்கு முன் பிறந்திருக்க இயலாது என்று முடிவுகட்டலாம். எண்ணும் உதவாதபோது மரத்தின் ரேகை உதவுகிறது. ஒரு மரத்துண்டின் ரேகை இன்னொன்றுக்கு அமைவதில்லையாகையால், பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டு, ஜோன் லெனன் கைவிட்டுப்போன கிப்சன் கிற்றாரொன்றை ஐம்பதாண்டுகளுக்குப் பின் அடையாளங்கண்டார்கள். 2015இல் அது 24 இலட்சம் டொலருக்கு மேல் ஏலம்போயிற்று. இந்த வித்தையெல்லாம் பொருள் கையில் இருக்கும்போது பயன்படுவது. காற்றில் மிதந்து வரும் நாதத்துக்குத் தொடரிலக்கமும் இல்லை, மர ரேகையும் இல்லை. அதனை அடையாளங்காண நமக்குள்ள கருவி பௌதிகமும் செவியுமே.

செவி ஒரு வாத்தியத்தை எவ்வாறு இனங்காண்கிறது என்பதே முதலில் வியப்புக்குரியது. ஒலிப்பதிவொன்றிலிருந்து ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தையும் வெட்டி நீக்கிவிட்டு, நடுப்பகுதியை மாத்திரம் கேட்பித்தால், பழகிய வித்துவான்களும் குழலை வேறொன்றென்றும் வயலினை இன்னொன்றென்றும் மயங்கிச் சொல்லுவர். தந்தி எவ்வாறு விழிப்புற்றது என்னும் அந்த முதற்கணத்திலேதான் வாத்தியத்தின் ஜாதி எழுதப்பட்டிருக்கிறது. மீட்டிய தந்தி முதலிற் பெரிதாக அதிர்ந்து பின் படிப்படியே தேய்ந்து அடங்கும். வில்லால் இழுத்த தந்தியோ, வில்லின் ரோமத்தோடு சற்றுத்தூரம் ஒட்டிச்சென்று, பிடி விட்டுப் பின்வாங்கி, மறுபடி ஒட்டி, இவ்வாறு ஒரு விநாடியில் நூற்றுக்கணக்கான தடவை பற்றுவதும் விடுவதுமாய் வாளின் பற்களையொத்த ஓர் அசைவை மேற்கொள்ளும். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், 19ஆம் நூற்றாண்டில், நுணுக்குக்காட்டி வழியாக இதனைக் கண்டு விளக்கினார். வில் செல்லுமளவும் சக்தி வந்துகொண்டேயிருப்பதால் அந்த நாதம் தேய்வதில்லை.

இங்கேதான் என் மருமகனின் மயக்கத்துக்கு நியாயம் பிறக்கிறது. ரொக் இசையில் மின்பெருக்கியை அளவுக்கு மீறி உந்திவிடுகிறார்கள். பெருக்கி தாங்கக்கூடிய எல்லையை மீறிய அலையின் உச்சி நறுக்கப்பட்டுத் தட்டையாகிவிட, மீட்டிய தந்தி உள்ளே தேய்ந்துகொண்டிருந்தாலும், வெளியே வரும் சப்தம் நெடுநேரம் ஒரே மட்டத்தில் நிற்கிறது. நறுக்கிய உச்சியிலிருந்து புதிய மேற்றொனிகளும் முளைக்கின்றன. ஆகவே மின்கிற்றார் வயலினைப்போல அழக் கற்றுக்கொண்டது. போதாக்குறைக்கு, லெட் ஸெப்பலின் குழுவின் ஜிம்மி பேஜ் வயலின் வில்லையே எடுத்துக் கிற்றாரை இழுத்து வாசித்தார். அவ்வாறானால் வில்லோசை கேட்டதென்பதற்காக வயலின் என்று தீர்ப்புச்சொல்லலாமா என்று அவன் என்னை மடக்கினான்.

மடக்கியது சரிதான், ஆனால் ஒரு சிறு உறுப்பை மறந்துவிட்டான். கிற்றாரில் தந்திகளைத் தாங்கும் குதிரை ஏறக்குறையத் தட்டையானது. அதன்மேல் வில்லை வைத்தால் ஓரத்துத் தந்திகள் நீங்கலாக எதனையும் தனியே தொட முடியாது, பல தந்திகள் ஒருங்கே அலறும். வயலினின் குதிரை வளைந்தது. ஆதலால் வில் சற்றே சாயும்போது நடுத்தந்தியும் தனித்துப் பேசும். நாம் கேட்ட இசையில் ஒரேயொரு தந்தி, கமகத்தோடு, சுரத்துக்குச் சுரம் வழுக்கி, நடுவே எந்தப் பித்தளைக் கட்டையிலும் இடறாமல் சென்றது. தட்டைக் குதிரையும் மெட்டுக்கட்டைகளும் உடைய கருவி அப்படிப் பேசாது.

"அப்பிடியெண்டா இதைக் கேள்" என்று, ஜேர்மனியின் ஈ.சி.எம். நிறுவனம் 1983இல் வெளியிட்ட 'விஷன்' என்ற இசைத்தட்டை நான் எடுத்துப் போட்டேன். அதனை இசைத்தவர் மூவர்: ஒருவர் சக்ஸபோன், ஒருவர் எக்காளம், மூன்றாமவர் வயலின். நால்வராய் இருந்திருந்தால் ஐயத்துக்கு இடமுண்டு. மூவராகவே இருந்தும், இரட்டை பாஸ் என்னும் ஆளுயர வாத்தியம் உறுமுவதுபோன்ற மந்தரநாதம் அதிலே கேட்கிறது. சாதாரண வயலினால் இது ஆகாத காரியம் என்பதற்குக் கணக்கே சாட்சி. வயலினின் அடித்தந்தி மேனாட்டுச் சுருதியில் விநாடிக்கு 196 தரம் அதிர்கிறது. இரட்டை பாஸின் அடித்தந்தி 41 தரமே அதிர்கிறது. தந்தியின் மீடிறன் நீளத்துக்கு நேர்மாறாகவும், இழுவையின் வர்க்கமூலத்துக்கு நேராகவும், ஓரலகு நீளத்தின் திணிவின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறாகவும் இருக்கும் என்பது பாடசாலைப் பிள்ளைகள் சுரமானியில் நிறுவும் விதி. மற்றவற்றை மாற்றாமல் நீளத்தால் மாத்திரம் இறங்கப்பார்த்தால், 33 சென்ரிமீற்றர் அளவான வயலின் தந்தி ஐந்தடிக்கு மேல் நீளவேண்டும். தோளில் வைத்து வாசிக்கும் பேச்சுக்கே இடமில்லை. நீளத்தை மாற்றாமல் இறங்க வேண்டுமானால் தந்தியின் திணிவை ஏறக்குறைய 23 மடங்காக்க வேண்டும். வெறும் கம்பியை அவ்வளவு தடிப்பாக்கினால் அது தந்தியாயிராது கோலாகிவிடும், வில்லுக்கும் இணங்காது. மெல்லிய நடுநூலின்மேல் வேறொரு கம்பியைச் சுற்றி, பாரத்தை ஏற்றி வளைவையும் காப்பாற்றுவதே வழி.

தந்தி இணங்கினாலும் பெட்டி இணங்காது என்பதுதான் இதைவிடப் பெரிய இடர். தந்தி தன்னளவிற் காற்றை அசைப்பது அற்பம். அதன் அதிர்வை வாங்கிக் காற்றுக்குக் கொடுப்பது மரப்பெட்டி. வயலின் பெட்டியின் உள்ளே அடைபட்ட காற்று, போத்தலின் வாயில் ஊதும்போது எழும் ஓசையைப்போல, 270 ஹேர்ட்ஸை ஒட்டிய ஒரு மீடிறனிற் பரிவுறுகிறது. அதற்கு வெகு தாழ்வான சுரங்களை அந்தப் பெட்டி வரவேற்பதில்லை. 41 ஹேர்ட்ஸ் நாதத்தின் அலைநீளம் காற்றில் எட்டு மீற்றருக்கு மேல். 36 சென்ரிமீற்றர்ப் பெட்டியால் அந்த அலையை எழுப்பப்பார்ப்பது, தேத்தண்ணிக் கரண்டியாற் கீரிமலைக் கேணியைக் கலக்கப்பார்ப்பதை ஒக்கும்.

பெட்டியின் வேலையை மின்சாரத்துக்குக் கொடுத்துவிட்டால் இந்தத் தடை முழுவதும் ஒழிகிறது. காந்தத்தின் அருகே உருக்குத் தந்தி அதிர்ந்தாற் சுருளில் மின்னோட்டம் பிறக்கும் என்ற ஃபரடேயின் விதியைக்கொண்டு, 1931இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் போஷம் என்பவர் ஒரு ஹவாயன் கிற்றாரை அமைத்தார். உருண்டைத் தலையும் நீண்ட காம்புமாய் இருந்ததால் அதனை வாணலி என்றே பரிகசித்தார்கள். இது மின்கருவியா, இசைக்கருவியா என்று காப்புரிமை அலுவலகத்தாரே தடுமாறினர் என்பர். உரிமை கிடைத்தது 1937இல். பெட்டி வேண்டாதபோது உடல் எந்த உருவமும் கொள்ளலாம். திண்மையான உடலாயின், ஒலிபெருக்கியின் பெருஞ்சப்தம் திரும்பிவந்து பெட்டியை அதிரச்செய்து ஊளையிடும் உபத்திரவமும் குறையும். வாத்தியத்தின் பெயர் பெட்டியின் உருவத்தோடு கட்டுண்டு கிடந்த காலம் அன்றே முடிந்தது. என் மருமகன் கேட்ட கேள்வியின் வேர் அங்கே இருக்கிறது.

'விஷன்' தட்டில் வயலின் வாசித்த அந்த மூன்றாமவரே மருமகன் கைப்பேசியிற் கேட்பித்த இசையிலும் வில் பிடித்தவர்: எல். சங்கர். அவர் கையிலிருந்தது, ஒரே உடலில் இரண்டு கழுத்தும், கழுத்துக்கு ஐந்தாகப் பத்துத் தந்தியும் அமைந்த இரட்டை மின்வயலின். இரட்டை பாஸ் முதல் வயலின் வரை மேனாட்டு வில்வாத்தியக் குடும்பம் முழுவதன் ஸ்தாயிகளையும் ஒருவர் தோளில் அடக்கும் நோக்கத்துடன் அவரே வகுத்தது. ஒரு கழுத்தை வாசிக்கும்போது மற்றதன் தந்திகள் தாமாகப் பரிவுற்று முணுமுணுக்கும். அதனைச் செய்துகொடுத்தவர் கென் பாக்கர். வயலின் தச்சரல்லர், கிற்றார் தச்சர். பின்னர் 1993இல், மெல்லிய மரத்துக்குக் கரிநார்க் கவசமிட்ட 'ஃபிளை' என்னும் கிற்றாராற் பெரும்புகழ் பெற்றவர். ஆகவே கிற்றாரின் வாசனை அதிலே அடித்தது வெறும் பிரமையன்று. 1975 அளவிற் சங்கரோடு 'சக்தி' குழுவில் இணைந்து வாசித்த ஜோன் மக்லாஃப்லின், அதற்கு முன் இரட்டைக் கழுத்து மின்கிற்றாரோடு மேடையேறியவர். அவரே சக்திக்கென்று, கமகம் பிடிக்க வசதியாக மெட்டுக்களிடையே குழித்ததும் குறுக்கே ஏழு பரிவுத்தந்திகள் ஓடுவதுமான கிற்றாரொன்றைச் செய்வித்துக்கொண்டார். கிற்றார்க்காரர் வீணையை நோக்கி நடந்தார், வயலின்காரர் கிற்றாரை நோக்கி நடந்தார். இருவரும் நடுவழியிற் சந்தித்தார்கள் என்றே எனக்குப் படுகிறது.

இதனையெல்லாம் சொல்லி முடித்தபின்பே, "அவர் சின்ன வயசில இஞ்சதான் இருந்தவர்" என்றேன். பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். சங்கரின் தந்தையார் வி. லக்ஷ்மிநாராயணர், யாழ்ப்பாணத்தில் இசையாசிரியராய் இருந்தவர். பாட்டுக்குப் பக்கவாத்தியம் என்ற நிலையிலிருந்து வயலினைத் தனிக்கச்சேரிக்கு உயர்த்த வேண்டும் என்பதையே வாழ்நாள் விரதமாகக் கொண்டவர். வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் என்னும் அவருடைய மைந்தர் மூவரும் இந்த மண்ணில் வளர்ந்தவர்கள். 1958ஆம் ஆண்டுக் கலவரம் அந்தக் குடும்பத்தைச் சென்னைக்குப் பெயர்த்தது. பின்னர் அமெரிக்காவின் வெஸ்லியன் சர்வகலாசாலையிற் கலாநிதிப் பட்டம் பெற்ற சங்கர், பத்துத் தந்தி வயலினோடு முதலில் வெளியிட்ட இசைத்தட்டு ரொக் அன்று. உமையாள்புரம் சிவராமன் மிருதங்கமும் ஜாகிர் உசேன் தபேலாவும் வாசித்த கர்நாடக சங்கீதத் தட்டு, 1980இற் பதிவானது. அதிலே தாளம் போட்டவர் லக்ஷ்மிநாராயணரே.

கேள்வியைக் கொண்டுவந்த இடமும் பொருத்தமானதே. யாழ் என்னும் வாத்தியத்தின் பெயரைத் தாங்கும் இந்தப் பட்டினத்தில், யாழ் எப்படி இருந்தது என்பதை நூற்றாண்டுகளாக எவரும் கண்டிலர். இலண்டன் சர்வகலாசாலை விஞ்ஞானப் பட்டதாரியும் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராய் இருந்தவருமான விபுலாநந்த அடிகள், கையில் வாத்தியம் இல்லாமலே, பழைய நூல்களின் குறிப்புக்களையும் சுரங்களுக்கிடையேயுள்ள விகிதங்களையும் வைத்துக் கணக்கிட்டு, பேரியாழும் மகரயாழும் சகோடயாழும் இன்னவாறிருந்தன என்று துணிந்து எழுதிய யாழ்நூல், 1947 ஆனி மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. மருமகனுக்கு நான் செய்துகாட்டியது அதன் நிழலின் நிழல்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். அன்று அந்தக் கைப்பேசியில் எவ்வளவு முயன்றும் மந்தரநாதத்தின் முழுவடிவம் வரவில்லை. அதன் விரல்நுனியளவான ஒலிபெருக்கி 41 ஹேர்ட்ஸைச் சற்றும் எழுப்பாது. மேற்றொனிகளைக்கொண்டு அடிச்சுரத்தை ஊகித்து நிரப்பிக்கொடுப்பது நம் மூளையே. ஆதலால் இதனை வாசிப்பவர்கள் அந்தத் தட்டுக்களைத் தேடிக் கேட்பதாயிருந்தால், நல்ல காதொலிப்பானையாவது, அயல்வீட்டுக் கலியாணத்துக்கு வாடகைக்கு வந்த பெரிய பெட்டிகளையாவது பிடித்துக்கொள்ளுங்கள்.