ஐலன்புர்க் நகரத்தின் நன்றிப் பாடல்

உலகெங்கும் உள்ள சீர்திருத்தத் திருச்சபைகள் நன்றி வழிபாடுகளில் மிகுதியாகப் பாடும் ஞானப்பாட்டுகளுள் ஒன்று, ஐரோப்பிய வரலாற்றின் மிகக் கொடிய காலங்களுள் ஒன்றில், ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் முல்டே ஆற்றங்கரையிலுள்ள ஐலன்புர்க் என்னும் சிறு நகரத்தில் ஊழியம் செய்த ஒரு லூத்தரன் குருவால் எழுதப்பட்டது. மார்ட்டின் ரிங்கார்ட் என்னும் அந்தக் குருவின் வாழ்க்கையையும் அவருடைய பாடலையும் சேர்த்து வாசிக்கும்போது, துன்பத்திலும் ஏமாற்றத்திலும் கிறிஸ்தவர் நன்றி செலுத்துவது என்பதற்கு, இன்றைய பிரசங்கங்களில் வழக்கமாகக் கேட்கப்படும் விளக்கத்தைவிட ஆழமானதும் கடினமானதுமான ஒரு பொருள் உண்டு என்பது புலப்படும்.

1586ஆம் ஆண்டு ஐலன்புர்க்கில் பீப்பாய் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்த ரிங்கார்ட், லைப்சிக் நகரின் புனித தோமையார் பள்ளியில் பாடகர் குழு மாணவராகப் பயின்று, 1617இல் சொந்த ஊருக்கே துணைத் தலைமைக் குருவாகத் திரும்பினார். மறு ஆண்டில் முப்பதாண்டுப் போர் தொடங்கியது. கத்தோலிக்க, சீர்திருத்த அரசுகளுக்கிடையே மதப்பூசலாகத் தொடங்கி, பின்னர் ஐரோப்பிய வல்லரசுகளின் அதிகாரப் போட்டியாக மாறி, 1648இல் வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கையுடன் முடிவுற்ற இந்தப் போர், அவருடைய ஊழிய காலம் முழுவதையும் ஏறக்குறைய விழுங்கிவிட்டது. ஐலன்புர்க் மதில் சூழ்ந்த நகரமாதலால் சுற்றுப்புறக் கிராமத்தார் உயிர் பிழைக்க அங்கே வந்து குவிந்தனர். கூட்டம் பெருகப் பெருக உணவு குறைந்தது, நோய் பரவியது.

1637ஆம் ஆண்டின் கொள்ளைநோய் அந்நகரத்தில் ஏறத்தாழ எண்ணாயிரம் பேரைக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. மூத்த குரு ஊரைவிட்டு வெளியேறிவிட, வேறு இரு குருமார் நோய்க்குப் பலியாக, அவர்களையும் அடக்கம் செய்துவிட்டு ரிங்கார்ட் ஒருவரே எஞ்சி நின்றார். ஒரே நாளில் நாற்பது, ஐம்பது பேருக்கு அடக்க ஆராதனை நடத்த வேண்டியிருந்த நாட்கள் உண்டு. அவர் கையால் அடக்கம் பெற்றோர் சுமார் 4,480 பேர் என்பது பதிவாகியுள்ள கணக்கு. அவர்களுள் அவருடைய மனைவியும் ஒருவர். பிறகு தனித்தனி ஆராதனைக்கே வழியில்லாமல் பிணங்கள் நீண்ட குழிகளில் மொத்தமாகப் புதைக்கப்பட்டன. நோயைத் தொடர்ந்து வந்த பஞ்சத்தில், செத்துக் கிடந்த ஒரு பூனைக்காகவோ காக்கைக்காகவோ முப்பது நாற்பது பேர் தெருவில் அடித்துக்கொண்டதாக அக்காலச் செய்தி கூறுகிறது. தம் குடும்பத்துக்கு இன்றியமையாத அளவை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை எல்லாம் வாசலில் வந்து நின்றவர்களுக்குப் பகிர்ந்தளித்த ரிங்கார்ட், தம் பிள்ளைகளின் ரொட்டிக்கும் துணிக்கும் வரவிருந்த பல ஆண்டு வருமானத்தை அடகு வைக்கும் நிலைக்கு வந்தார். 1639இல் சுவீடன் நாட்டுப் படை நகரத்திடம் முப்பதாயிரம் தாலர் கப்பம் கேட்டபோது, அவரே பாளயத்துக்குச் சென்று மன்றாடி, அது மறுக்கப்படவே, உடன் வந்தவர்களோடு முழங்காற்படியிட்டு ஜெபித்தார் என்றும், இறுதியில் தொகை இரண்டாயிரம் ஃபுளோரினாகக் குறைக்கப்பட்டது என்றும் அவர் வரலாறு சொல்லும்.

இந்தப் பிணக்குவியலின் நடுவிலிருந்துதான் நன்றிப் பாடல் பிறந்தது என்று பல பிரசங்க நூல்கள் எழுதிவந்துள்ளன. உள்ளத்தை உருக்கும் செய்திதான். ஆனால் அது சரியானதாகத் தெரியவில்லை. 1636இல் வெளிவந்த அவருடைய பக்தி நூலிலேயே அப்பாடல் இடம்பெற்றிருந்தது என்பது பாடலாய்வாளர் பலரின் முடிவு. ஆகவே கொள்ளைநோயின் உச்சத்துக்கு முன்பே அது எழுதப்பட்டுவிட்டது. அதைவிட முக்கியமானது, சாப்பாட்டுக்குப் பின் குடும்பம் சேர்ந்து சொல்வதற்கான சிறு மேசை ஜெபமாகவே அது அமைந்திருந்தது என்பதாகும். உண்மை வரலாறு கட்டுக்கதையைவிட வலிமையாக இருக்கும் அரிய இடங்களுள் இதுவும் ஒன்று. ஒரு குரு பெருந்துயரத்தின் நடுவே திடீரென நன்றியைக் கண்டடைந்தார் என்பதைவிட, போரும் பற்றாக்குறையும் ஏற்கெனவே சூழ்ந்திருந்த ஆண்டுகளில், அன்றாடம் உணவு முடிந்தவுடன் சொல்லப்பட்ட ஓர் எளிய நன்றி, உணவே இல்லாமற்போன நாட்களிலும் அந்த வீட்டின் கதவைத் திறந்து வைத்திருக்கும் ஆற்றலை அவருக்குத் தந்தது என்று கொள்வதே பொருத்தமாகும். நன்றி அங்கே உணர்ச்சியாக அல்ல, பழக்கமாக இருந்தது.

பாடலின் அமைப்பும் இதற்குச் சான்று. அதன் மூலம் சீராக்கின் ஞானம் என்னும் நூலின் ஐம்பதாம் அதிகாரத்தில் உள்ளது. கத்தோலிக்க வேதாகமத்தில் இணைத்திருமறை நூலாக இடம்பெறும் இது, சீர்திருத்தச் சபைகளின் தமிழ் வேதாகமத்தில் இல்லை. முதற்பகுதி தாயின் கருவிலிருந்து இதுவரை தொடர்ந்த நன்மைகளுக்காகக் கடவுளைப் போற்ற, இரண்டாம் பகுதி மகிழ்ச்சியும் சமாதானமும் வேண்டி, துன்பங்களிலிருந்து விடுதலை கேட்கிறது. நன்றி சொல்லும் வாயே குறையையும் சொல்லித் தீர்வு கேட்கிறது. எல்லாம் நலமாக இருக்கிறது என்று அது நடிக்கவில்லை. மூன்றாம் பகுதி திரியேகக் கடவுளை, அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவராய் ஒருவராகிய கடவுளை மகிமைப்படுத்தி முடிகிறது. 1647இல் யோஹான் க்ரூகர் வெளியிட்ட பாட்டுப் புத்தகத்தின் இராகத்தோடு பரவிய இந்தப் பாடலை, 1757இல் லாய்த்தன் போர்க்களத்தில் வென்ற பிரஷ்ய வீரர்கள் பாடினர். அதுமுதல் வெற்றிவிழாக்களின் பாடலாகவும் அது ஆகிவிட்டது. அதனால் அதற்குப் புகழ் கூடிற்று, ஆனால் அது எந்த மேசையருகே பிறந்தது என்பது மறக்கப்பட்டது. அந்த மறதி பெரிய இழப்பு.

ரிங்கார்ட்டின் இந்த மனப்பாங்கு அவருடைய தனிக் கண்டுபிடிப்பும் அன்று. சங்கீதப் புத்தகத்தின் 150 பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடுகள். அவற்றுள் பெரும்பாலானவை கடவுளிடம் குறை கூறித் தொடங்கி, நம்பிக்கையிலும் துதியிலும் முடிகின்றன. ஆனால் 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதையும் வழிபாட்டுப் புத்தகத்துக்குள் வைத்திருந்த ஒரு சமுதாயம், நன்றி சொல்ல இயலாத நாளும் கடவுளுக்கு முன்பாகவே கழிய வேண்டிய நாள் என்று அறிந்திருந்தது. அத்திமரம் துளிர்விடாமலும் தொழுவத்தில் மாடு இல்லாமலும் போனாலும் களிகூருவேன் என்னும் பொருளில் பேசிய ஆபகூக் தீர்க்கதரிசி, அந்நூலின் தொடக்கத்தில் எவ்வளவு காலம் கூப்பிடுவேன் என்று கடவுளோடு வழக்காடியவர்தாம். வழக்காடியவரின் வாயிலிருந்து வந்ததால்தான் அந்த மகிழ்ச்சிக்கு மதிப்பு இருக்கிறது.

லேவியராகமம் ஏழாம் அதிகாரம் விதிக்கும் ஸ்தோத்திர பலி என்னும் நன்றிக் காணிக்கையிலும் இதே தொடர்பைக் காணலாம். அந்தப் பலியின் இறைச்சியை அன்றைக்கே உண்டு தீர்க்க வேண்டும், விடியும்வரை எதையும் மீதம் வைக்கக்கூடாது. ஒரு குடும்பத்தால் ஒரு நாளில் உண்ண முடியாத அளவு இறைச்சியைச் சேமிக்கவும் கூடாதென்றால், நன்றி செலுத்துபவர் அயலாரையும் ஏழைகளையும் அழைத்துப் பந்தி வைப்பதே இயல்பாயிருந்திருக்கும். ரிங்கார்ட் தம் ரொட்டியைப் பங்கிட்டதும் இதே இலக்கணத்தில் அடங்கும். கிறிஸ்துவும், தாம் காட்டிக்கொடுக்கப்படவிருந்த இராத்திரியில்தான் அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தி, அதைப் பிட்டுச் சீடர்களுக்குக் கொடுத்தார். திருச்சபையின் திருவிருந்து அந்தச் செயலின் மீதே நிற்கிறது.

துன்பத்தைவிட ஏமாற்றத்தில் நன்றி காண்பது சில வேளைகளில் இன்னும் கடினம். கொள்ளைநோய்க்குக் குற்றவாளி இல்லை. ஆனால் நம்பியிருந்த சபையே, ஊழியரே, உடன் விசுவாசியே ஏமாற்றும்போது மனம் கசந்துபோகிறது. இதைக் குறித்துத் தெளிவாகச் சிந்தித்தவர் ஜெர்மன் இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர். நாசி அரசு சபையைத் தன் பிடிக்குள் கொண்டுவந்ததை எதிர்த்த அறிக்கைத் திருச்சபையின் சார்பில், 1935முதல் ஃபிங்கன்வால்டே என்னும் இடத்தில் குருத்துவக் கல்லூரி ஒன்றை அவர் நடத்தினார். 1937இல் இரகசியக் காவல்துறை அதை மூடியது, மாணவர் பலர் சிறைப்பட்டனர். அந்த அனுபவத்தின் சாரமாக 1939இல் அவர் வெளியிட்ட நூலில், சபை எப்படி இருக்க வேண்டும் என்ற தம் கனவையே நேசிப்பவர், கண்முன் உள்ள சபையை அழித்துவிடுவார் என்றும், அந்தக் கனவு உடைவது கடவுளின் இரக்கம் என்றும் வாதிட்டார். சிறியதாகவும் குறையுடையதாகவும் இன்று கையிலிருக்கும் ஐக்கியத்துக்கு நன்றி சொல்லாதவருக்குப் பெரியது எப்படித் தரப்படும் என்பது அவர் கேள்வி. 1944 டிசம்பரில் பெர்லின் சிறையில் அவர் எழுதிய கவிதையிலும் கசப்பான பாத்திரத்தைக் கடவுள் கையிலிருந்து நன்றியோடு ஏற்கும் எண்ணம் உண்டு. 1945 ஏப்ரல் 9ஆம் தேதி அவர் தூக்கிலிடப்பட்டார்.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இந்த ஜெர்மன் பாடல் மரபு அந்நியமன்று. ரிங்கார்ட்டின் சாக்சனி நாட்டைச் சேர்ந்த புல்ஸ்நிட்ஸ் ஊரில் பிறந்த மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியதிலிருந்து, ஜெர்மன் ஞானப்பாட்டுகள் தமிழில் வரத் தொடங்கின. பெப்ரீசியஸ் போன்ற மிஷனரிகள் அவற்றைப் பெருமளவில் மொழிபெயர்த்தனர். ஆனால் பாட்டை வாங்கிக்கொண்ட நாம், பாட்டின் பின்னணியிலிருந்த முறையீட்டை எந்த அளவுக்கு வாங்கிக்கொண்டோம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஆண்டிறுதி ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்திருப்பவர்கள் பெரும்பாலும் வேலை கிடைத்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள், நோய் நீங்கியவர்கள். வேலை இழந்தவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவரும் பின்வரிசையில் மௌனமாக இருக்கிறார்கள், அல்லது எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் சொல்லும்படி வற்புறுத்தப்படுகிறார்கள். ரிங்கார்ட்டின் நன்றி அவரே தம் மேசையில் செலுத்தியது, எவரும் அவரிடம் கேட்டு வாங்கியதன்று. துக்க வீட்டுக்குச் செல்லும் குருமாரும் சபையாரும் யோபின் நண்பர்களை நினைவில் வைத்திருக்க வேண்டும். ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். பேசத் தொடங்கிய பிறகுதான் தவறினார்கள். நூலின் கடைசி அதிகாரத்தில் கடவுளின் கோபத்துக்கு ஆளானவர்கள், துன்பத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த அந்த மூவரே. அவர்களுக்காக ஜெபிக்கும் பொறுப்பு, அதுவரை புலம்பிக்கொண்டிருந்த யோபிடம் ஒப்படைக்கப்பட்டது.