மூணு சீட்டில் பணம் போவது எப்படி?
பார்த்தவனுக்கு இரட்டைச் செலவு! பார்க்காதவனுக்குப் பாதிதான்!!

"லாட்ஜில் பணம் வைத்து சீட்டு ஆடிய 8 பேர் கைது. ரொக்கம், சீட்டுக்கட்டு பறிமுதல்."

இந்த மாதிரி செய்தி அடிக்கடி வரும். படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டி விடுவோம். உள்ளே அப்படி என்னதான் ஆடுகிறார்கள்? பல வழக்குகளில் அது மூணு சீட்டுதான்.

திருவிழாக் கூட்டத்தில் மூன்று சீட்டைக் கவிழ்த்துப் போட்டு, "வை ராஜா வை, ராணி எங்கே?" என்று ஒருவன் கூவுவானே, அது வேறு. அது ஆட்டமே இல்லை, பக்கா மோசடி. பக்கத்தில் நின்று ஜெயிப்பவனும் அவன் ஆள்தான்!

நாம் சொல்வது நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து ஆடுவது. பிளஷ் என்றும் சொல்வார்கள். வடக்கே 'தீன் பத்தி'. இங்கிலாந்தின் 'பிராக்' ஆட்டத்துக்கு நெருங்கிய சொந்தம். போக்கருக்கு ஒன்றுவிட்ட தம்பி.

கையில் என்ன வரும்?

முதலில் எல்லாரும் சமமாக ஒரு தொகையை நடுவில் போட வேண்டும். ஆளுக்கு மூன்று சீட்டு. மூன்றும் ஒரே எண் வந்தால் அதுதான் பெரிசு. அடுத்தது ஒரே ஜாதியில் வரிசை. பிறகு கலந்த ஜாதியில் வரிசை, ஒரே ஜாதி, ஜோடி. ஒன்றுமே இல்லையென்றால் எவனிடம் பெரிய சீட்டோ அவன் ஜெயித்தான்.

52 சீட்டில் மூன்றை 22,100 விதமாக எடுக்கலாம். அதில் ஜோடி கூட இல்லாத வெறுங்கை மட்டும் 16,440! நாலு தடவை எடுத்தால் மூணு தடவை கையில் ஒன்றும் இருக்காது. (ஒரே எண் மூன்று 52 விதம்; ஒரே ஜாதி வரிசை 48 விதம்தான். அபூர்வமானதைக் கீழே வைத்திருக்கிறார்கள். ஏனோ!)

பார்க்காமல் ஆடுவது

வினையே இங்கேதான். சீட்டை எடுத்துப் பார்க்காமலே ஆடலாம். அதற்கு 'பிளைண்ட்' என்று பேர். அவர் 10 ரூபாய் போட்டால், சீட்டைப் பார்த்தவர் குறைந்தது 20 போட வேண்டும்.

"பார்க்காமலே 40!" என்கிறார் ஒருவர். பார்த்தவர் 80 எடுத்து வைக்க வேண்டும். 10, 20, 40, 80 என்று நாலு சுற்று போனால் பார்க்காதவருக்குச் செலவு 150 ரூபாய். பார்த்தவருக்கு 300!

"சரிப்பா, சீட்டைக் காட்டு" என்று நடுவில் கேட்கலாமா? பல இடங்களில் அதற்கும் தடை. இரண்டே பேர் மிஞ்சி, எதிராளி பிளைண்டில் இருந்தால், பார்த்தவர் 'ஷோ' கேட்கக் கூடாது. இரட்டிப்பாகக் கட்டிக்கொண்டே போக வேண்டும். இல்லையா, போட்டதை விட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டும். ஜோடி ராணியை வைத்துக்கொண்டு எழுந்தவர்கள் உண்டு. கடைசியில் ஜெயிப்பது சீட்டு அல்ல, பாக்கெட்டின் கனம்.

அமெரிக்காவில் ஆடும் 'ஸ்டட் போக்கர்' இப்படி இல்லை. 5 சீட்டில் 4 சீட்டு திறந்தே கிடக்கும், ஒன்றுதான் மூடியிருக்கும். எதிராளி கையைப் பார்த்துக் கணக்குப் போடலாம். இங்கே மூன்றும் மூடித்தான் இருக்கிறது. எதை வைத்துக் கணக்குப் போடுவது?

மூணு சீட்டிலேயே வேறு தினுசுகளும் உண்டு. 'மஃப்ளிஸ்' என்றால் சின்னக் கைக்குத்தான் வெற்றி. 'ஏ.கே.47' என்றால் ஆஸ், ராஜா, நாலு, ஏழு எல்லாமே ஜோக்கர்.

கோர்ட்டு சொன்னது

1967-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு சொன்னது. செகந்திராபாத் கிளப் ஒன்றில் ரம்மி ஆடிய வழக்கு அது. விழும் சீட்டை ஞாபகம் வைத்து, எதைப் பிடிப்பது எதை விடுவது என்று யோசிக்க வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது கோர்ட்டு. மூணு சீட்டு? முழுக்க முழுக்க அதிர்ஷ்டம்தான் என்று சொல்லிவிட்டது.

செல்போனில் பணம் கட்டி ஆடுவதற்கு அந்த வித்தியாசமும் போய்விட்டது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்று 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் சட்டம் போட்டது.

அந்த 1967 தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. ரம்மியே ஆனாலும், இடம் கொடுத்தவர் அதில் லாபம் பார்த்தால் குற்றமாகலாம். சீட்டாட்ட அறைகளில் நடப்பதும் அதுதானே! ஆட்டத்துக்கு 20 ரூபாய் கமிஷன் என்று வையுங்கள். ராத்திரிக்கு 50 ஆட்டம் என்றால் 1,000 ரூபாய். ஒரு சீட்டைக் கூடத் தொடாமல் அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு போகிறவர் அறைக்காரர்தான்.