சர்வருக்குப் பூட்டு போட்டுட்டு சாவியை உள்ளேயே விட்டுடாதீங்க... ஃபயர்வால் போடும் முன் இதைப் பாருங்க!

2021 அக்டோபர் 4. இந்திய நேரப்படி இரவு 9 மணி தாண்டியதும் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஒரே நேரத்தில் முடங்கின. சுமார் 6 மணி நேரம் உலகமே தவித்தது. ஹேக்கர் வேலையோ என்று பலரும் நினைத்தார்கள். உண்மையில், பராமரிப்புப் பணியின்போது கொடுத்த ஒரு கட்டளை, அந்த நிறுவனத்தின் டேட்டா சென்டர்களை இணைக்கும் நெட்வொர்க்கையே துண்டித்துவிட்டது. சரிசெய்ய வேண்டிய இன்ஜினியர்களும் அதே நெட்வொர்க் வழியாகத்தான் உள்ளே போகணும். வழியே இல்லை! கடைசியில் ஆட்களை நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று.

அது ஃபயர்வால் கோளாறு இல்லை. ஆனால் முதல் முறை ஃபயர்வால் போடுபவர்கள் மாட்டிக்கொள்வது இதே மாதிரிதான். அரியாங்குப்பத்தில் ஒருவர் தன் கடைக்காக மாத வாடகையில் கிளவுட் சர்வர் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சர்வர் இருப்பது மும்பையிலோ பெங்களூருவிலோ. பூட்டிக்கொண்டால், கடலூர் ரோட்டில் பஸ் ஏறிப் போய் தட்டித் திறக்க முடியுமா?

ஃபயர்வால் என்ன செய்கிறது?

சர்வரில் 65 ஆயிரத்துக்கும் மேற்பட்ட போர்ட்கள், அதாவது வாசல்கள் உண்டு. இணையதளத்துக்குத் தேவை 80, 443 என்ற இரண்டுதான். நீங்கள் தூரத்தில் இருந்து உள்ளே போய் வேலை பார்க்க எஸ்எஸ்ஹெச் என்ற வழி. வழக்கமாக அதன் எண் 22. மற்றதெல்லாம் மூடியிருப்பதே நல்லது. குறிப்பாக மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் 3306 வாசல். புது சர்வர் இணையத்துக்கு வந்த கொஞ்ச நேரத்திலேயே தானியங்கி ஸ்கேனர்கள் ஒவ்வொரு கதவாகத் தட்ட ஆரம்பித்துவிடும்.

முதலில் எதைச் செய்யணும்?

உபுண்டுவில் 'யுஎஃப்டபிள்யூ' என்ற எளிய ஃபயர்வால் கருவி இருக்கிறது. இதை அப்படியே 'எனேபிள்' செய்தால், வெளியில் இருந்து வரும் புது இணைப்புகள் எல்லாம் தடுக்கப்படும். உங்கள் 22 உட்பட! அதனால் முதலில் 22-க்கு 'அலவ்' கொடுங்கள். பிறகு 80, 443. எஸ்எஸ்ஹெச் எண்ணை 2222 என்று மாற்றி வைத்திருந்தால் 22-ஐத் திறந்து பயனில்லை, 2222-ஐத் திறக்கணும். 'ஷோ ஆடட்' கொடுத்து விதிகளை ஒருமுறை பார்த்துவிட்டு, அப்புறம்தான் எனேபிள்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை ஃபயர்வால் பெரும்பாலும் வெட்டாது. 'ஆஹா, வேலை செய்யுதே' என்று நினைத்து விண்டோவை மூடிவிடுவார்கள். மறுநாள் காலையில் உள்ளே போக முடியாது. பழைய விண்டோவைத் தொடாதீங்க. இன்னொரு விண்டோ திறந்து புதிதாக லாகின் செய்து பாருங்கள். அது உள்ளே போனால் மட்டுமே பழையதை மூடலாம்.

இன்னும் பாதுகாப்பு வேணுமா? எனேபிள் கொடுப்பதற்கு முன், 5 நிமிடத்தில் ஃபயர்வாலைத் தானாக அணைக்கும்படி ஒரு டைமர் கட்டளை போட்டுவிடுங்கள். வெளியே மாட்டினாலும் டீ குடித்துவிட்டு வந்தால் கதவு திறந்திருக்கும். எல்லாம் சரியாக இருந்தால் டைமரை ரத்து செய்ய மறக்கக் கூடாது.

'என் வீட்டு ஐபி முகவரிக்கு மட்டும் 22-ஐத் திறக்கிறேன்' என்பது நல்ல யோசனைதான். ஆனால் நம்ம ஊர் பிராட்பேண்டில், கரண்ட் போய் மோடம் மறுபடி ஆன் ஆனாலே அந்த முகவரி மாறிவிடலாம். மாறாத ஐபி வாங்கியிருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

டாக்கர் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: டாக்கர் வெளியே திறந்துவிடும் போர்ட்கள் யுஎஃப்டபிள்யூ விதிகளைத் தாண்டிப் போகும். மூடியிருப்பதாக நீங்கள் நினைக்கும் டேட்டாபேஸ் திறந்தே கிடக்கலாம்.

ஏற்கெனவே மாட்டிக்கிட்டீங்களா?

ரீஸ்டார்ட் கொடுத்துப் பயனில்லை. ஃபயர்வாலும் சேர்ந்தே எழுந்துவிடும். பெரும்பாலான கிளவுட் நிறுவனங்களின் இணையப் பக்கத்தில் 'கன்சோல்' என்ற வசதி இருக்கும். அது எஸ்எஸ்ஹெச் வழியாகப் போவதில்லை. சர்வர் முன்னால் நேரில் உட்கார்ந்த மாதிரி. அதில் நுழைந்து 'டிஸேபிள்' கொடுத்தால் போதும். ஆனால் கன்சோல் பெரும்பாலும் பாஸ்வேர்ட் கேட்கும். கீ ஃபைல் வைத்தே உள்ளே போய்ப் பழகியவர்கள் பலருக்கு பாஸ்வேர்டே செட் ஆகியிருக்காது. ஃபயர்வாலைத் தொடுவதற்கு முன்பே பாஸ்வேர்ட் வைத்து, கன்சோலில் ஒருமுறை லாகின் செய்து பார்த்துவிடுங்கள்.